இரண்டு குட்டைக்குப் பிறந்த நெட்டை: விதையைக் கையை விட்டுக் கொடுக்காதீர்கள்

கானாடுகாத்தான் பக்கமிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"பெங்களூரில் இருக்கும் மகள் ஒரு குட்டைத் தக்காளி விதை வாங்கிக் கொடுத்தாள். செடி இரண்டரை அடிதான், பழமும் நல்ல பெரிசு. ஆனால் புளிப்பே இல்லை. வெள்ளைப் பணியாரத்துக்குச் சட்டினி அரைத்தால் சப்பென்று இருக்கிறது. அதனால் அதன் பூவில் பி.கே.எம் 1 தக்காளியின் மகரந்தத்தை வைத்துக் கலந்தேன். அதுவும் இடுப்புக்குக் கீழே நிற்கிற செடிதானே. ஆனால் பிறந்த செடி மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் போய்விட்டது. அதன் விதையில் 6 போட்டேன். நாலு நெட்டை, இரண்டு பி.கே.எம் மாதிரி, குட்டை ஒன்றுகூட இல்லை. காரைக்குடியில் ஒருவர், இருக்கிற விதையை மொத்தமாகக் கொடுங்கள், திசு வளர்ப்பில் வைத்து நிலைப்படுத்தி உங்கள் பேரிலேயே பேட்டண்ட் வாங்கித் தருகிறேன், 45,000 ரூபாய் ஆகும் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள் ஆச்சி. பணமும் வேண்டாம், விதையும் வேண்டாம். ஒரு விதைகூட.

முதலில் உங்கள் மனக்குறையைத் தீர்த்து விடுகிறேன். உங்கள் கலப்பு தோற்கவில்லை. முதல் தலைமுறை நெட்டையாக வந்ததுதான் கலப்பு சரியாக விழுந்ததற்குச் சாட்சி. பூவின் சொந்த மகரந்தமே விழுந்திருந்தால் தாய் மாதிரி குட்டையாகத்தான் முளைத்திருக்கும்.

இரண்டு குட்டைக்கு நெட்டை எப்படிப் பிறந்தது? இரண்டும் ஒரே காரணத்தால் குட்டையானவை இல்லை. உங்கள் மகள் தந்தது பிறவிக் குட்டை. செடியை நீள வைக்கும் ஒரு ஊக்கி அதற்குள் சரியாக உற்பத்தியாவதில்லை. அதனால் கணுக்கள் நெருங்கி, தண்டு தடித்து, மெதுவாக வளர்கிறது. ஆனால் வளர்வதை நிறுத்துவதில்லை. பி.கே.எம் 1 வேறு சாதி. பெரியகுளத்தில் அண்ணஞ்சி என்ற உள்ளூர் வகையைத் திடீர் மரபு மாற்றத்துக்கு உள்ளாக்கி எடுத்தது. அதற்கு ஊக்கி எல்லாம் சரியாக இருக்கிறது. ஓரளவு வளர்ந்ததும் கிளை நுனி பூங்கொத்தாக முடிந்துபோகும், அவ்வளவுதான். தாயிடம் ஒரு குறை, தகப்பனிடம் வேறொரு குறை. தாய்க்கு இல்லாததைத் தகப்பன் கொடுத்தது, தகப்பனுக்கு இல்லாததைத் தாய் கொடுத்தது. பிள்ளை இரண்டும் பெற்று மாடியைத் தாண்டிவிட்டது.

விதைக் கடைகளில் இந்த இரண்டையும் 'குட்டை ரகம்' என்ற ஒரே பெயரில் விற்கிறார்கள். இது எனக்குப் பல வருட ஆதங்கம். பொட்டலத்தின் மேல் ஒரு வரி விவரமாக அச்சடிக்க என்ன செலவாகிவிடும்?

அடுத்தது, 6 விதையில் ஏன் குட்டை வரவில்லை. பிறவிக் குட்டைக் குணம் தாய் வழியும் தகப்பன் வழியும் சேர்ந்து வந்தால்தான் வெளியே தெரியும். இரண்டாம் தலைமுறையில் நாலில் ஒரு பங்குதான் அப்படி அமையும். 6 விதை போட்டால் ஒன்றுகூடக் குட்டை வராமல் போவதற்கு நூற்றில் 18 தடவை வாய்ப்பிருக்கிறது. உங்களுக்கு அது நடந்திருக்கிறது. 11 விதை போட்டிருந்தால் குறைந்தது ஒரு குட்டையாவது வந்திருக்கும் என்று நூற்றுக்கு 95 பங்கு நம்பலாம். ஒரு பழத்தில் நூறு விதைக்குக் குறையாமல் இருக்குமே, உங்களிடம் மிச்சம் இருக்கும். 40 விதையைத் தட்டில் தூவுங்கள். பத்து குட்டை கிடைக்கும், கொஞ்சம் முன்பின் இருக்கலாம்.

நாற்பதுக்கும் பை தேட வேண்டியதில்லை. மூன்று வாரத்திலேயே குட்டை தன்னைக் காட்டிக்கொடுத்து விடும். பக்கத்து நாற்று ஒரு சாண் எழும்பியிருக்கும்போது இது நாலு விரல் உயரத்தில் நிற்கும். தண்டு தடிப்பாக இருக்கும். இலை கரும்பச்சையாக, கசக்கி விரித்த துணி மாதிரிச் சுருக்கம் விழுந்து, தொட்டால் தடிப்பாகத் தெரியும். அவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைப் பிடுங்கிவிடுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வெள்ளை ஈ பரப்புகிற இலைச்சுருட்டு நோய் வந்த நாற்றும் குட்டையாகத்தான் நிற்கும். அதைப் பொக்கிஷம் என்று வளர்த்து ஒரு பருவத்தையே இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நோய் வந்த நாற்றின் குருத்து வெளிறி, இலை விளிம்பு மஞ்சளாகி, கிண்ணம் மாதிரி மேல்பக்கம் மடங்கும். பிறவிக் குட்டையின் இலை எவ்வளவு சுருங்கினாலும் நிறம் வெளிறாது. நிறத்தைப் பாருங்கள், உயரத்தை அப்புறம் பார்க்கலாம்.

குட்டைக் குணம் ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால் அது அங்கேயே நிலைத்துவிட்டது என்று பொருள். அதன் விதையெல்லாம் குட்டையாகவே முளைக்கும். கலப்பில் பிறந்த ரகம் நிலைக்க ஆறு, ஏழு தலைமுறை ஆகும் என்பார்கள். உயரத்துக்கு அவ்வளவு காத்திருக்க வேண்டியதில்லை. காத்திருக்க வேண்டியது பழத்துக்கு. புளிப்பு, அளவு, தோல், காய்ப்பு எல்லாம் பல குணங்கள் கலந்து வருபவை. தக்காளி தன் மகரந்தத்தையே தான் எடுத்துக்கொள்வதால், ஒவ்வொரு தலைமுறையிலும் இந்தக் கலப்படம் பாதியாகக் குறையும். இரண்டாவதில் பாதி, மூன்றாவதில் கால், நாலாவதில் அரைக்கால். ஆறாவதில் ஏறக்குறைய நூற்றில் 3, ஏழாவதில் ஒன்றரை. அதனால் ஆறு, ஏழு தலைமுறை என்று சொல்கிறோம்.

செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு செடியின் விதை ஒரு பொட்டலத்தில். நல்ல பழங்களையெல்லாம் ஒன்றாகப் பிசைந்து விதை எடுப்பதுதான் மாடித்தோட்டக்காரர்கள் செய்கிற பெரிய தவறு. அப்படிச் செய்தால் பத்து வருடம் ஆனாலும் அது கூட்டு விதைதான். தேர்ந்தெடுப்பதும் பழத்தை வைத்து வேண்டாம், செடியை வைத்துச் செய்யுங்கள். ஒரே ஒரு அருமையான பழம் கொடுத்து ஓய்ந்த செடியைவிட, ஒன்பது நல்ல பழம் கொடுத்து மாசி வெயிலிலும் பூ தங்கின செடி மேல்.

விதையைச் சாறோடு ஒரு கிண்ணத்தில் இரண்டு நாள் புளிக்க விடுங்கள். நம் சூட்டில் மூன்றாம் நாள் முளைவிட ஆரம்பித்துவிடும். கழுவி, வீட்டில் கிடக்கும் பழைய பீங்கான் தட்டில் பரப்பி வளவில் நிழலாக உலர்த்துங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொள்ளும். தட்டின் மேலேயே செடி எண் எழுதின சீட்டை வையுங்கள். நான்கு செடி என்றால் நான்கு தட்டு, நான்கு சீட்டு. சீட்டு காற்றில் பறந்தால் அந்த வருட உழைப்பும் பறந்த மாதிரிதான்.

தக்காளி தன் மகரந்தத்தையே எடுத்துக்கொள்ளும் என்றேன். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில்தான் அது அதிகம் இடிக்கிறது. பூவை உற்றுப் பாருங்கள். மகரந்தப் பைகள் மஞ்சள் கூம்பாகச் சேர்ந்திருக்கும், மகரந்தத்தை வாங்கிக்கொள்ளும் சூல்முடி அந்தக் கூம்புக்குள் ஒளிந்திருக்கும். அப்படி இருக்கும்வரை கவலையில்லை. ஆனால் சில பழைய வகைகளில் சூல்முடி கூம்புக்கு வெளியே ஊசி நுனி மாதிரி எட்டிப் பார்க்கும். வெயில் கூடினால் மற்ற வகைகளிலும் அது நீண்டுவிடும். அப்போது கருவண்டு வந்து பூவைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிர்த்தால் பக்கத்துச் செடியின் மகரந்தம் இதில் ஏறிவிடும். தேனீக்கு அந்த அதிர்வு வராது, தேனீப் பெட்டி வைத்திருக்கும் பக்கத்து வீட்டைத் திட்ட வேண்டாம். வண்டுதான் ஆள். அதனால் விதைக்கென்று வைக்கிற கொத்தை, மொக்கு விரிவதற்கு முன்பே, கல்யாண வீட்டில் பாக்கு போட்டுக் கொடுக்கிறார்களே அந்தச் சின்ன வலைப் பையால் மூடிச் சுருக்குக் கயிற்றை இறுக்குங்கள். தினமும் காலை எட்டு, ஒன்பது மணிக்குக் காம்பை விரலால் நாலு தட்டு தட்டுங்கள், மகரந்தம் உதிர்ந்து உள்ளேயே சேரும். பட்டாணி அளவு காய் பிடித்ததும் பையை எடுத்துவிட்டுச் சிவப்பு நூல் கட்டுங்கள். நூல் கட்டின பழம் சட்டினிக்குப் போகக்கூடாது என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

பருவம். ஐப்பசி கடைசியில், மழைக்கு ஒதுக்கான ஆனால் வெளிச்சம் விழுகிற இடத்தில் நாற்று விடுங்கள். கார்த்திகை கடைசியில் பைக்கு மாற்றினால் தையில் பூக்கும், மாசியில் பழம் பார்க்கலாம். பகல் 35 டிகிரியைத் தாண்டி இரவிலும் சூடு இறங்காவிட்டால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். ஆக, செட்டிநாட்டில் வருடத்துக்கு நம்பிக்கையான பருவம் ஒன்றுதான்.

இதற்கு ஒரு வழி உண்டு. 2005 வாக்கில் அமெரிக்காவில் கிரெய்க் லெஹூலியர், ஆஸ்திரேலியாவில் பட்ரினா நஸ்கே ஸ்மால் என்ற இரண்டு தோட்டக்காரர்கள் இதே பிறவிக் குட்டையை வைத்து ஒரு கூட்டு முயற்சி ஆரம்பித்தார்கள். இருவரும் விஞ்ஞானக் கூடம் வைத்திருக்கவில்லை. ஒருவர் ஊரில் குளிர்காலம் என்றால் இன்னொருவர் ஊரில் கோடை. விதையை மாற்றி மாற்றி அனுப்பி வருடத்தில் இரண்டு தலைமுறை எடுத்தார்கள். வீட்டுத் தோட்டக்காரர்கள் பலர் சேர்ந்து உழைத்ததில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட குட்டை ரகங்கள் இருக்கின்றன. உங்களுக்கு ஆஸ்திரேலியா பெங்களூர்தான். பங்குனியில் எடுத்த விதையை எண் போட்டு மகளுக்கு அனுப்புங்கள். அங்கே ஒரு தலைமுறை வளர்த்து ஐப்பசிக்குள் திருப்பி அனுப்பட்டும். ஒன்று மட்டும், எது நல்ல செடி என்ற தீர்ப்பை உங்கள் மாடியில் சொல்லுங்கள். பெங்களூர்க் குளிர்ச்சியில் காய்க்கிறதெல்லாம் கானாடுகாத்தானில் காய்க்காது. அங்கே செடிக்கு நாலு விதை எடுத்தால் போதும், தலைமுறை கடந்தால் சரி.

இனி அந்த காரைக்குடிக்காரர். அவர் சொன்ன இரண்டு வார்த்தையும் பொய். திசு வளர்ப்பு ஒரு செடியை அப்படியே நகல் எடுக்கும். அதன் விதைக்குள் இருக்கிற கலப்படத்தை ஒரு துளியும் குறைக்காது. பேட்டண்ட் என்பது அதைவிடப் பெரிய பொய். இந்தியக் காப்புரிமைச் சட்டம் 3(ஜே) பிரிவில் செடிக்கும் விதைக்கும் ரகத்துக்கும் காப்புரிமை கிடையாது என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதைக்கு பேட்டண்ட் வாங்கித் தருகிறேன் என்று யார் வாய் திறந்தாலும் அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். இவர்களுக்கு வேண்டியது உங்கள் 45,000 மட்டும் இல்லை, அந்த விதையும்தான். நாலு தலைமுறை கழித்து வேறு பெயரில் அது இணையத்தில் பத்து விதை 150 ரூபாய் என்று விற்கும், உங்களால் ஒன்றும் நிரூபிக்க முடியாது. அதனால் இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். என்றைக்கு எந்தப் பூவில் எதன் மகரந்தம் வைத்தீர்கள், எத்தனை முளைத்தது, எது குட்டை, எல்லாம் தேதி போட்டு, படத்தோடு.

ரகத்துக்கு என்று தனிச் சட்டம் இருக்கிறது, 2001ஆம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டம். புது ரகம் உருவாக்கின விவசாயி அதைப் பதிவு செய்யலாம், கட்டணம் இல்லை, தக்காளி மாதிரிப் பயிர்களுக்கு 15 வருடப் பாதுகாப்பு. விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்பே விற்க ஆரம்பித்திருந்தால் புது ரகம் என்ற தகுதி போய்விடும், அதை மட்டும் ஞாபகம் வையுங்கள். இடைத்தரகர் வேண்டியதே இல்லை. அதற்காக எளிது என்று சொல்ல மாட்டேன். ஒரு விவசாயிக்காக நானே படிவம் நிரப்பி அனுப்பி, ஒரு கையெழுத்து இடம் மாறியதற்காக இரண்டு தடவை திரும்பி வந்தது. கட்டணத்தைத் தள்ளுபடி செய்தவர்கள், ஒரு கிராமத்து மனுஷி தனியாக உட்கார்ந்து நிரப்பக்கூடிய படிவத்தைக் கொடுத்திருக்க வேண்டாமா? எல்லாச் செடியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்ற சோதனை, ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருக்கும் கம்பெனிக்குத் தைத்த சட்டை. மாடியில் பன்னிரண்டு பை வைத்திருப்பவருக்கு அது பொருந்தவில்லை. இந்தக் கஷ்டம்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

எப்படியும் அது ஆறு தலைமுறைக்கு அப்புறம் வருகிற பேச்சு. ஒரே செடியின் விதையில் பத்து போட்டுப் பத்தும் ஒன்றுபோல் வந்து, அடுத்த பருவமும் அப்படியே வந்தால், அப்போது பார்க்கலாம்.

அதற்கு முன்னால் மகளிடம் ஒன்று கேட்டுச் சொல்லுங்கள், அந்த விதைப் பொட்டலத்தில் என்ன பெயர் இருந்தது என்று. நான் சொன்ன அந்தக் கூட்டு முயற்சியின் ரகங்கள் பலவும் திறந்த உரிமை உறுதிமொழிக்கு உட்பட்டவை. யாரும் விதைக்கலாம், கலக்கலாம், விற்கலாம். ஆனால் அதிலிருந்து பிறந்ததற்கும் தனி உரிமை கோரி மற்றவர்களைத் தடுக்கக் கூடாது. உங்கள் தாய்ச்செடி அந்தக் குடும்பமாக இருந்தால், பதிவுக்கு அலைகிற வேலையே உங்களுக்கு இல்லை. பெயர் தெரிந்ததும் எழுதுங்கள் ஆச்சி. கூடவே ஐப்பசியில் தூவின 40 விதையில் எத்தனை கரும்பச்சையாக நின்றது என்பதையும்.