இரண்டு ஏக்கருக்கு எத்தனை குதிரைவலு?

பரந்தனில் கராஜ் நடத்தி ஓய்ந்தபிறகு கம இயந்திரங்கள் பற்றிய இந்தக் கேள்வி பதில் பகுதியை எழுதுகிறேன் என்பது பழைய வாசகருக்குத் தெரியும். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சின்னக் காணிக்காரருடையவை. கமத்தை நம்பிப் பிழைப்பவர்கள் அல்ல. ஓய்வூதியம் வருகிறது, அல்லது பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். இனி ஊரோடு இருந்து மண்ணைக் கொஞ்சம் கொத்துவோம் என்று ஆசை. ஆசையோடு கையில் காசும் இருக்கிறவரைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

கேள்வி: கொழும்பில் தபால் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்று ஊருக்குத் திரும்பியிருக்கிறேன். 2 ஏக்கர் மேட்டுக்காணி. ஒரு கிணறு, 40 தென்னை. மிச்சத்தில் கச்சானும் உழுந்தும் மரக்கறியும் செய்ய விருப்பம். கனடாவில் இருக்கும் மகன், நாலு சில்லு உழவு இயந்திரம் வாங்கக் காசு அனுப்புகிறேன் என்கிறான். எத்தனை குதிரைவலு வாங்கலாம்?
— ஓய்வு பெற்ற வாசகர், துணுக்காய்

பதில்: ஐயா, மகனுக்கு நல்ல மனம். காசை அனுப்பச் சொல்லுங்கள். உழவு இயந்திரம் மட்டும் வாங்காதீர்கள்.

தென்னை 26 அடி இடைவெளியில் நின்றால் ஏக்கருக்கு 64 மரம். உங்கள் 40 மரமும் அரை ஏக்கருக்கு மேல் பிடித்துவிடும். வீடு, கிணறு, கொட்டில் போக உழுவதற்கு மிஞ்சுவது ஒன்றேகால் ஏக்கர் வரும். 45 குதிரைவலு இயந்திரத்தில் ஆறடி ரொட்டவேற்றர் (சுழலும் கத்தியால் மண்ணைக் கொத்தும் கருவி) பூட்டினால், திரும்புகிற நேரத்தையும் சேர்த்து, மணித்தியாலத்துக்கு ஒரு ஏக்கர் அளவில் கொத்தி முடிக்கும். காலபோகத்துக்கு இரண்டு மூன்று தரம், சிறுபோகத்தில் கிணற்றுத் தண்ணீர் எட்டுகிற துண்டுக்கு இரண்டு தரம் என்று எப்படிக் கூட்டினாலும் வருசத்துக்குப் பத்து மணித்தியாலம் தாண்டாது. மற்ற நாளெல்லாம் அது கொட்டிலில் நிற்கப்போகிறது. நிற்கிற இயந்திரம் சும்மா நிற்பதில்லை. பற்றரி இறங்கும், அரைவாசி டீசலோடு கிடக்கும் ராங்கியில் ஈரம் படிந்து தண்ணீர் சேரும், எலி வயரைக் கடிக்கும், ரயரில் வெடிப்பு விழும். கராஜுக்கு வந்த சின்னக் காணிக்காரரின் இயந்திரங்களில் பாதி, ஓடாததால் கெட்டவை.

வாடகைக்கு விட்டு உழைக்கலாமே என்று மகன் கேட்பார். அப்படியானால் ஓட்டுநர் வேண்டும், அவருக்குப் பின்னால் நீங்கள் வேண்டும், ஒக்ரோபரில் ஊர் முழுக்க ஒரே கிழமையில் உழவு கேட்கும்போது சண்டை பிடிக்கத் தெம்பும் வேண்டும். அது தனித் தொழில், ஐயா. நீங்கள் தோட்டம் செய்ய வந்தவர்.

வாடகை உழவிலும் ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்க மாட்டேன். முதல் மழை விழுந்ததும் எல்லா இயந்திரமும் வயலுக்குப் போய்விடும். ஒன்றேகால் ஏக்கர் மேட்டுக்காணிக்காரர் தொலைபேசி எடுத்தால் “நாளைக்கு வாறன் ஐயா” என்பார்கள். அந்த நாளைக்கு வருகிறபோது மண் சேறாகிவிடும். நம்முடைய மண் காய்ந்தால் கல், நனைந்தால் களி. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் பதம் கொஞ்ச நாள்தான். அதனால் சிறுபோக அறுவடை முடிந்து இயந்திரங்கள் சும்மா நிற்கும் காலத்திலேயே ஆளைப் பிடித்துப் பேசி வைத்துவிடுங்கள். செப்ரெம்பரில் ஒரு மழை பெய்தால், முதல் உழவைச் சட்டிக் கலப்பையாலோ கொத்துக் கலப்பையாலோ ஆழமாகப் புரட்டிப் போடச் சொல்லுங்கள். அதுதான் பெரிய இயந்திரத்தின் வேலை. கட்டி உடைத்து மட்டமாக்கும் இரண்டாவது வேலையை, பிறகு சின்ன இயந்திரம் ஒன்று வாங்கினால், நீங்களே செய்துகொள்ளலாம், யாருக்காகவும் காத்திருக்கத் தேவையில்லை. உங்கள் கமநல சேவை நிலையத்திலும் கமக்கார அமைப்பிலும் வாடகை இயந்திரம் பற்றி விசாரித்து வையுங்கள்.

ரொட்டவேற்றர்க்காரர் மூன்று தரம் அடித்துத் தருகிறேன் என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மண் மாவாகிப் பார்க்க அழகாக இருக்கும். ஒரு பெருமழைக்கு அந்த மாவு மேலே ஓடாகக் காய்ந்து உழுந்து முளைக்க விடாது. கத்தி ஓடும் ஆழத்துக்குக் கீழே வேறொரு இறுக்கப் படையும் கட்டும். தென்னையடியில் ஆறடிக்குள் எந்தக் கலப்பையையும் விடாதீர்கள். உறிஞ்சும் வேரெல்லாம் மேலேதான் கிடக்கிறது.

அப்போ காசை என்ன செய்வது? என் வழமை இது: வருசத்தில் இரண்டு தரம் வரும் வேலைக்கு வாடகை, தினமும் கழுத்தைப் பிடிக்கும் வேலைக்குச் சொந்த இயந்திரம். தினமும் பிடிப்பது தண்ணீரும் புல்லும். முதலில் நல்ல மோட்டரும் குழாயும் சொட்டு நீருக்கான வரிசையும் போடுங்கள். செலவில் பெரிய பங்கு அங்கேதான் போகவேண்டும். அடுத்தது புல்லு வெட்டும் மெசின், 16 லீற்றர் தோள் தெளிகருவி, ஒற்றைச் சில்லுத் தள்ளுவண்டி. தள்ளுவண்டியைச் சிரிக்காதீர்கள், உங்கள் காணியில் அதிக மணித்தியாலம் ஓடப்போவது அதுதான். ஒரு போகம் செய்து பார்த்து உடம்பும் ஆசையும் தாங்கினால், 6 அல்லது 7 குதிரைவலு மினி டில்லர், அதாவது பிடித்துக்கொண்டு நடந்து ஓட்டும் சின்னக் கொத்து இயந்திரம். அதற்கு மேல் உங்கள் காணி கேட்கவில்லை.

கேள்வி: எங்கள் கிணற்றில் மாரியில் தண்ணீர் கைக்கெட்டும். ஓகஸ்டில் 30 அடிக்குப் போய்விடுகிறது. 2 அங்குலப் பெற்றோல் பம்பி அப்போது தண்ணீர் இழுக்கவில்லை. 3 அங்குலம் வாங்கினால் இழுக்குமா? எஞ்சினைக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் இறக்கலாம் என்கிறார் பக்கத்துக் காணிக்காரர்.
— விசுவமடு வாசகர்

பதில்: தம்பி, முதலில் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். இறக்கவே வேண்டாம். பெற்றோலோ மண்ணெண்ணெயோ டீசலோ, எரிகிற எஞ்சினைக் கிணற்றுக்குள் ஓடவிட்டால் காபன் மொனொக்சைட்டு உள்ளேயே தேங்கி நிற்கும். அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நிற்பாட்டி விட்டு இறங்கினாலும் அது அங்கேதான் இருக்கும். ஒருவர் மயங்கி விழ, காப்பாற்றப் போனவரும் விழுவார். அப்படி எங்கேயாவது நடந்தால் பின்னால் இறங்காதீர்கள். மேலிருந்து ஆட்களைக் கூப்பிடுங்கள்.

3 அங்குலமும் இழுக்காது. பம்பி தண்ணீரை இழுப்பதில்லை. அது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றுகிறது. வெளியே இருக்கும் காற்றழுத்தம் தண்ணீரை மேலே தள்ளுகிறது. அந்த அழுத்தம் தூக்கக்கூடிய எல்லை ஏட்டுக் கணக்கில் 34 அடி. புட் வால்வு (உறிஞ்சும் குழாயின் அடியில் பூட்டும் வால்வு), வளைவு, குழாய் உரசல் எல்லாம் கழிந்து கைக்கு வருவது 23, மிஞ்சினால் 25 அடி. 5 குதிரைவலு போட்டாலும் 50 போட்டாலும் இந்த எல்லை மாறாது. தண்ணீர் 20 அடியில் இருக்கும்போதே இழுக்கவில்லை என்றால்தான் பம்பியில் பிழை தேடவேண்டும். அப்போதும் முதலில் புட் வால்வையும் உறிஞ்சும் குழாயின் பொருத்துகளையும் பாருங்கள். ஊசித் துவாரம் போதும், காற்றுப் பிடிக்க.

உங்களுக்கு வேண்டியது தண்ணீருக்குள் மூழ்கி நின்று மேலே தள்ளும் மோட்டர். 1 குதிரைவலு என்பது கிட்டத்தட்ட 750 வற். மின்சாரம் காணிக்கு வந்திருந்தால் இதோடு விசயம் முடிந்தது. பூமிக் கம்பியும் கசிவு மின்னுக்குத் தானாக விழும் ஆளியும் இல்லாமல் மட்டும் பூட்ட விடாதீர்கள். மின்சாரம் இல்லையென்றால் சூரியத் தகடு: அந்த மோட்டருக்கு 1,000 முதல் 1,200 வற் வரை போடுங்கள். பின்னேரம் ஆறு மணிக்கு இறைக்க முடியாது என்பது அதன் குறை. ஒரு தொட்டி கட்டி மத்தியானம் நிரப்பிவிட்டால் அதுவும் குறையில்லை.

எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்றும் பலர் கேட்கிறார்கள். கடும் வெயிலில் மரக்கறிக்கு நாளுக்கு 5 மில்லிமீற்றர் என்று வைத்தால் முழு ஏக்கருக்கு 20,000 லீற்றர். கிணறு அவ்வளவு ஊறாவிட்டால் எந்தப் பம்பியும் உதவாது, காணியைத்தான் சுருக்கவேண்டும்.

போர்க்காலத்தில் பொருளாதாரத் தடை இருந்தபோது ஒரு சொட்டுப் பெற்றோலில் ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடவிட்ட ஆட்கள் நாங்கள். அந்தப் பழக்கத்தில் இன்றும் மண்ணெண்ணெய்ப் பம்பி கேட்டு வருகிறார்கள். 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340க்கு ஒரேயடியாக ஏறியபின் அந்தக் கணக்கு செத்துவிட்டது. அதே வருசம் டீசலுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கேள்வி: அண்ணா, நானும் அம்மாவும்தான். அரை ஏக்கர் மிளகாயும் கத்தரியும். லாண்ட்மாஸ்டர், அந்த இரண்டு சில்லு உழவு இயந்திரம், ஒன்று மலிவாக வருகிறது. பொம்பிளையால் பிடிக்க ஏலாது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, பொம்பிளை என்பதால் ஏலாது என்பது கதை. லாண்ட்மாஸ்டர் பிடிக்கும் பெண்கள் வன்னியில் இருக்கிறார்கள். ஆனால் அது எஞ்சினும் கொத்தும் கத்தியும் சேர்ந்து 300 கிலோ அளவில் வரும். கைபிடி சுற்றி ஸ்ராட் பண்ணவேண்டும், வரப்பில் திருப்புகிற இடத்தில் ஆணுக்கும் தோள் கழரும். அரை ஏக்கரில், அதுவும் மிளகாய்ப் பாத்திகளுக்கு நடுவில், அதைக் கொண்டுபோய் எங்கே திருப்பப் போகிறீர்கள்?

பின்னால் இழுவைப் பெட்டி பூட்டிச் சந்தைக்குப் போகலாம் என்ற எண்ணமும் இருந்தால் ஒன்றைக் கேட்டு வையுங்கள், விற்கிறவர் சொல்லமாட்டார். சமதரையில் இடது கிளச்சைப் பிடித்தால் இடது பக்கம் திரும்பும். பாரம் ஏற்றிக்கொண்டு இறக்கத்தில் போகும்போது இடதைப் பிடித்தால் அந்தச் சில்லு விடுபட்டு முந்தி ஓடும், வண்டி வலது பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து இறங்கும்போது பல பெட்டிகள் பிரண்டது இதனால்தான். இறக்கத்தில் கிளச்சைத் தொடாமல், கியரில் போட்டு மெதுவாக, கைபிடியால் மட்டும் திருப்பவேண்டும்.

உங்களுக்குப் பெற்றோல் மினி டில்லர் சரி. 100 கிலோவைச் சுற்றி வரும், பாத்திக்கு நடுவே புல்லையும் கொத்தும். நேரே சில்லு இல்லாமல் கத்தியே இழுத்துப் போகும் வகை என்றால், பின்னால் இருக்கும் ஆழக் கம்பியை மண்ணில் அழுத்தினால்தான் கொத்தும். இல்லாவிட்டால் உங்களை இழுத்துக்கொண்டு ஓடும். பின் கியரில் போடும்போது முதுகுக்குப் பின்னால் வேலியோ மரமோ இருக்கக் கூடாது. வாங்குவதற்கு முன்னால் கடையின் சீமெந்துத் தரையில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். மண்ணில் இறக்கி, நீங்களே ஓட்டி, பிறகு அம்மாவையும் ஒரு தரம் பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் காய்ச்சலில் கிடக்கிற அன்று அவதான் பிடிக்கப்போகிறா.

கேள்வி: 15 வருசத்துக்கு மேல் சும்மா கிடந்த எங்கள் காணியில் புல்லும் பற்றையும் ஆளுயரம். துப்பரவாக்க எந்தப் புல்லு வெட்டும் மெசின் நல்லது?
— புதுக்குடியிருப்பு வாசகர்

பதில்: மெசினுக்கு முன் ஒரு வேலை. அந்தக் காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம சேவையாளரிடம் கேட்டு உறுதிப்படுத்துங்கள். விடுவித்த காணியிலும் பற்றைக்குள் சந்தேகமான இரும்பைக் கண்டால் தொடாமல், வந்த வழியால் திரும்பி, பொலிசுக்கோ கிராம சேவையாளருக்கோ சொல்லுங்கள். பற்றையை எரித்துத் துப்பரவாக்கும் யோசனையை விட்டுவிடுங்கள்.

மெசின் என்றால், ஆளுயரப் பற்றைக்கு நைலோன் நூல் சரிவராது, இரும்புக் கத்தி வேண்டும். இரும்புக் கத்தி கல்லில் பட்டால் துண்டு தெறிக்கும். கண்ணாடி, சப்பாத்து, தடித்த காற்சட்டை. சாரத்தோடு நிற்கிறவருக்கு நான் மெசின் திருத்திக் கொடுத்ததில்லை. பெற்றோலோடு ஒயில் கலக்கும் ரூ ஸ்ரோக் எஞ்சின் என்றால் ஒயில் கலவையைக் கையேட்டில் பார்த்துக் கலக்குங்கள். 50க்கு 1 என்றிருந்தால் லீற்றருக்கு 20 மில்லிலீற்றர், 25க்கு 1 என்றால் 40. கண்மட்டத்தில் ஊற்றுகிறவர்களால்தான் எங்கள் தொழில் ஓடியது.

கேள்வி: காணியில் நிற்கும் பலாவையும் இரண்டு பனையையும் தறிக்கச் செயின் சோ வாங்கலாமா?
— நெடுங்கேணி வாசகர்

பதில்: பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதியில்லாமல் தறிக்க 1951ஆம் ஆண்டுச் சட்டம் விடாது, உங்கள் காணியில் நின்றாலும்தான். பிரதேச செயலகத்தில் கேளுங்கள். செயின் சோவையும் பதிவு செய்யவேண்டும். மூன்று மரத்துக்கு அதெல்லாம் எதற்கு? தறிக்கிறவரைக் கூலிக்குப் பிடியுங்கள்.

கேள்வி: பழைய மசி பேர்குசன் 135 ஒன்று வவுனியாவில் விலைக்கு நிற்கிறது. வாங்கலாமா? என்னிடம் 8 ஏக்கர்.
— முழங்காவில் வாசகர்

பதில்: 8 ஏக்கர் என்றால் சொந்த இயந்திரத்துக்கு நியாயம் இருக்கிறது. 135 மொடல் 1964இல் வந்தது. மூன்று சிலிண்டர் பேர்கின்ஸ் எஞ்சின், நல்ல இரும்பு, பாகத்துக்கும் தட்டுப்பாடில்லை. வயதைப் பார்க்காமல் உடம்பைப் பாருங்கள். நீங்கள் வருவதாகச் சொன்ன நேரத்துக்கு முன்னரே போய், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்ராட் பண்ணச் சொல்லுங்கள்; சூடாக்கி வைத்த எஞ்சின் எல்லாம் நல்லாய்த்தான் பிடிக்கும். நீலப் புகை நிற்காமல் வந்தால் ஒயில் எரிகிறது. றேடியேற்றர் மூடியைத் திறந்து ஒயில் மிதக்கிறதா என்று பாருங்கள். ஹைட்ரோலிக்கில் கலப்பையைத் தூக்கி, எஞ்சினை நிற்பாட்டி, ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம் அது எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு பதிவுப் புத்தகத்தை வாங்கி எஞ்சின் இலக்கத்தையும் சேசிஸ் இலக்கத்தையும் இரும்பில் வெட்டியிருப்பதோடு ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மிச்சத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.