நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தண்ணீர் சேமிப்பை ஊர் வேலைகள் வழியாக எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

கேட்டவர் அவிநாசி பக்கத்துப் பள்ளி ஆசிரியர். ஆறு முதல் எட்டு வரை வகுப்புகள், வாரத்துக்கு ஒரு பாடவேளை, கையில் பெரிய தொகை கிடையாது என்கிறார். அந்தச் சூழலை வைத்தே சொல்கிறேன்.

ஓவியப் போட்டியையும் பதாகை ஊர்வலத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். பிள்ளைகள் கையில் அளவுப் பாட்டிலும் ஒரு நோட்டும் கொடுங்கள். 'நீரைச் சேமிப்போம்' என்று கத்திக்கொண்டு போனால் யாரும் குழாய் மாற்றித் தரப்போவதில்லை. இந்தக் குழாயில் நாளைக்கு இத்தனை குடம் வீணாகிறது என்று எழுதிக் காட்டினால் மாற்றுவார்கள்.

ஜூன், ஜூலையில் குழாயிலிருந்து தொடங்கலாம். ஒழுகும் குழாயின் கீழ் பாட்டிலைப் பத்து நிமிடம் வைத்து, விழுந்த மில்லி லிட்டரை 144 ஆல் பெருக்கினால் ஒரு நாள் கணக்கு வந்துவிடும். பத்து நிமிடத்தில் 100 மில்லி என்றால் நாளைக்கு 14.4 லிட்டர், கிட்டத்தட்ட ஒரு குடம். இந்த 144 பெருக்கல் பள்ளியின் மேல்நிலைத் தொட்டிக் குழாய்க்குத்தான் பொருந்தும், அதில் எந்நேரமும் தண்ணீர் நிற்கிறது. தெருக்குழாயில் சில நாளுக்கு ஒருமுறை, சில மணி நேரம்தான் தண்ணீர் வரும். அதையும் 24 மணி நேரத்துக்குப் பெருக்கிவிட்டால் கணக்கு பலமடங்கு ஊதிப்போகும், ஊராட்சியில் ஒருவரும் நம்பமாட்டார்கள். தண்ணீர் திறந்துவிடுபவரிடம் கேட்டு, வரும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

பித்தளைக் குழாய் ஒழுகினால் பெரும்பாலும் வாஷர் தேய்ந்திருக்கும், அதை மட்டும் மாற்றினால் போதும். மலிவான பிளாஸ்டிக் குழாய் என்றால் முழுதாக மாற்றுவதே நல்லது. கேட் வால்வை மூடி, குழாயைத் திறந்து பைப்பில் நிற்கும் தண்ணீரை வடித்துவிட்டுத்தான் கழற்ற வேண்டும். டெஃப்லான் டேப்பை மரை முடுக்கும் திசையிலேயே எட்டுப் பத்துச் சுற்று சுற்றுங்கள். எதிர்த்திசையில் சுற்றினால் முடுக்கும்போதே உரிந்து வந்துவிடும். 'புதுக் குழாயும் ஒழுகுது' என்ற புகார் இதனாலும் வருவதுண்டு. மாற்றிய மறுநாள் அதே பத்து நிமிட அளவை மீண்டும் எடுத்து, பழைய எண்ணுக்குப் பக்கத்தில் எழுதட்டும்.

அடுத்தது வீடு. நம் பக்கம் நல்ல தண்ணி ஒரு கணக்கு, உப்புத் தண்ணி வேறு கணக்கு. நோட்டில் இரண்டுக்கும் தனிப் பத்தி போடுங்கள். அளவு குடத்திலேயே இருக்கட்டும், வீட்டில் அம்மாவும் அப்பச்சியும் பேசுவது குடத்தில்தான். குடத்துக்குக் குடம் கொள்ளளவு மாறும் என்பதால் ஒரு லிட்டர் பாட்டிலால் முதலில் அளந்துகொள்ள வேண்டும். புதுத் தண்ணீர் வந்த அன்று பழைய தண்ணீரைக் கொட்டிவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது எத்தனை குடம் என்ற கேள்வியை மறக்காமல் சேருங்கள். மூடி வைத்த தண்ணீர் நாள் ஆனதால் மட்டும் கெட்டுப்போவதில்லை. அதைக் குடிக்க மனசு வராதவர்கள் பாத்திரம் கழுவவாவது வைத்துக்கொள்ளலாம்.

சேமிக்கச் சொல்லும்போது கொசுவையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். டிரம்மில் டார்ச் அடித்துக் காட்டுங்கள். தலைகீழாகத் தொங்கும் புழு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போகும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் முட்டை ஒட்டுகிறது. காய்ந்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். அதனால் அலசி ஊற்றுவது போதாது, தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாவதற்கு ஏழு முதல் பத்து நாள் ஆகும், ஆகவே வாரம் ஒருமுறை கழுவுவது கட்டாயம்.

ஐப்பசி மழைக்கு முன்னால் மழைமானி தயாராக இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் குளிர்பானப் பாட்டிலின் மேல்பாகத்தை அறுத்துத் தலைகீழாகப் புனல்போல வைத்தால் மழைமானி ஆயிற்று. அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருப்பதால் பக்கத்தில் ஸ்கேல் ஒட்டிப் படித்தால் தப்பாக வரும். விழுந்த தண்ணீரை ஊசி இல்லாத சிரிஞ்சால் அளந்துவிடலாம். வாய் விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ., அதாவது 9.5 மில்லிக்கு 1 மி.மீ. மழை. வட்டப் பரப்புக் கணக்குக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சுவர், மரம் எதுவானாலும் அதன் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தள்ளி வையுங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் பக்கம் எதையும் சாய்த்துவிடும், மணல் நிரப்பிய பக்கெட்டில் பாட்டிலைப் புதைத்தால் நிற்கும். தினமும் காலை 8.30க்குப் படித்தால் வானிலைத் துறை அளவோடு ஒப்பிடலாம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். முப்பதுக்கு இருபது அடி வகுப்பறை மாடி சுமார் 56 சதுர மீட்டர். 20 மி.மீ. மழைக்கு அதில் 1,100 லிட்டருக்கு மேல் விழும். தெறிப்பது, உறிஞ்சுவது போக 900 கைக்கு வரும். பிள்ளைகளையே குடமாக மாற்றச் சொல்லுங்கள், 15 லிட்டர் குடத்தில் அறுபது. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானதால் பல கட்டடங்களில் பைப்பும் குழியும் ஏற்கெனவே உண்டு, இயங்குகிறதா என்பதுதான் கேள்வி. புதுக்குழி தோண்டும்முன் பழையதைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் மேல்மணலில் வண்டல் படிந்து இறுகியிருக்கும். மேல் அரையடி மணலை அள்ளி, கழுவிக் காயவைத்துத் திரும்பப் போட்டாலே குழி மறுபடி இழுக்கும். எம்-சாண்ட் போடுவதானால் தூள் போகும்வரை அலசிவிட்டுப் போடுங்கள், இல்லாவிட்டால் அந்தத் தூளே அடைத்துக்கொள்ளும்.

புதிதாகத் தோண்டியே ஆகவேண்டும் என்றால் முதலில் ஓரடிப் பள்ளம் எடுத்து, தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எத்தனை இஞ்ச் இறங்குகிறது என்று பாருங்கள். செம்மண்ணில் நன்றாக இறங்கும். கரிசலில் ஓர் இஞ்சுகூட இறங்காமல் நிற்கலாம். அங்கே குழி எடுப்பது வீண், தொட்டியில் பிடிப்பதே சரி. மூன்றடிக்கு மேல் தோண்டும் வேலையில் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

கிணற்று மட்டம் அளப்பது அருமையான வேலை, ஆனால் நம் ஊர்க் கிணறுகளுக்கு ஆழமும் அதிகம், கைப்பிடிச் சுவரும் பலதில் இருக்காது. பெரியவர் கயிறு விடட்டும், பிள்ளைகள் தள்ளி நின்று எழுதட்டும். நைலான் கயிறு இழுபடும். நனைத்து இழுத்துவிட்ட பிறகுதான் அடிக்கு ஒரு குறி போட வேண்டும். வாரம் ஒருநாள், காலையில், மோட்டார் போடும் முன். பவானி ஆற்றின் உபரி நீரைக் குளம் குட்டைகளில் நிரப்ப 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகள் சேர்ந்துள்ளன. உங்கள் ஊர்க் குட்டையும் அதில் இருந்தால், குட்டைக்குப் பக்கத்துக் கிணறு ஒன்று, ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒன்று எனத் தேர்ந்து இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில் போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளே விளக்கிவிடுவார்கள். நடக்கும் வழியில் மூடாத போர்வெல் குழி கண்ணில்பட்டால் கிட்டே போகாமல் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். அன்றே ஊராட்சிக்குத் தகவல் போகட்டும்.

மழைவிட்ட மறுநாள், குட்டைக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஓடைப் பள்ளத்தை ஓரமாக நடந்து பார்த்து, தண்ணீர் எங்கே தேங்கித் திரும்பியது என்று வரையட்டும். குப்பை அடைத்த ரோட்டுப் பாலம், மண் மூடிய பைப் எல்லாம் அப்போதுதான் தெரியும். தூர் வாருவது பிள்ளைகள் வேலை அல்ல, அதற்கு அனுமதியும் வேண்டும்.

மார்ச் 22இல் உலக தண்ணீர் தினக் கிராம சபை கூடும். பள்ளி மேலாண்மைக் குழுப் பெற்றோர் வழியாக ஒரே பக்க மனு கொடுங்கள். எந்த இடம், எந்தத் தேதியில் அளந்தது, எத்தனை லிட்டர், என்ன செய்து தர வேண்டும் என்பவை அதில் இருந்தால் போதும். மூன்று கோரிக்கைக்கு மேல் வேண்டாம். தீர்மான நோட்டில் ஏறியதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.