வீட்டுப் பட்டறையில் கார்பன் இறக்கை: அமுக்கமும் வெயிலும்

கேள்வி: அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். நானே கட்டிய ஒற்றை இருக்கைச் சாகச விமானம் ஒன்று என்னிடம் உள்ளது. பறக்கும் நிலையில் மொத்த எடை 550 கிலோ. இறக்கையின் முழு நீளம் 7 மீட்டர். வடிவமைப்பு வரம்பு மேலும் கீழும் 8 ஜி, அதாவது எடையைப்போல் 8 மடங்கு சுமை. மர இறக்கையைக் கழற்றிவிட்டுக் கார்பன் இழையில் புதிய இறக்கை கட்ட நினைக்கிறேன். 3கே ட்வில் நெசவுத் துணியும் (கற்றைக்கு 3,000 இழைகள் கொண்ட சாய்வரி நெசவு), அறை வெப்பநிலையில் இறுகும் எபாக்ஸிப் பிசினும் கைவசம் உள்ளன. இறக்கையின் முதுகெலும்பான நீள உத்தரத்துக்கு, அதாவது ஸ்பாருக்கு, எவ்வளவு தடிமன் வேண்டும்? மணல் மூட்டைகளை ஏற்றி வலிமை பார்க்கும் சோதனை கட்டாயமா? இறக்கையின் மேற்புறத்துக்குக் கருநீலம் பூசலாமா?

பதில்: உங்களிடம் உள்ள ட்வில் துணி இறக்கையின் தோலுக்கு உதவும், ஸ்பாருக்கு உதவாது. எபாக்ஸியைப் பின்னர் சூடேற்றி முழுமையாக இறுக்க வழி செய்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம். சோதனையைத் தவிர்க்க முடியாது. நிறத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன், ஏனெனில் அது அழகு சார்ந்த கேள்விபோலத் தோன்றினாலும் உண்மையில் பிசின் சார்ந்த கேள்வி.

முதலில் உங்கள் மர இறக்கைக்காக ஒரு சொல். அமெரிக்கச் சாகச விமானி லியோ லௌடன்ஸ்லேகர் 1980-இல் விஸ்கான்சின் மாநிலத்தின் ஆஷ்காஷில் சாகசப் பறத்தலில் உலகச் சாம்பியன் பட்டம் வென்ற லேசர் 200 விமானத்துக்கு மர இறக்கைதான். ஜெர்மானிய வடிவமைப்பாளர் வால்டர் எக்ஸ்ட்ராவின் எக்ஸ்ட்ரா 230-உம் மர இறக்கையோடுதான் பறந்தது. 1988-இல் முதலில் பறந்த எக்ஸ்ட்ரா 300-இல்தான் அவர் கூட்டுப்பொருள் (இழையும் பிசினும் சேர்ந்த) இறக்கைக்கு மாறினார். ஆகவே 8 ஜி என்பது மரத்தால் தாங்க முடியாத எல்லை அல்ல. கூடுதல் விறைப்பு, துல்லியமான மேற்பரப்பு, ஈரத்தால் உளுத்துப்போகாத உடல் ஆகியவற்றுக்காகக் கார்பனுக்கு மாறுவது நியாயமே. எடை பாதியாகும் என்ற எதிர்பார்ப்பில் மாறினால் ஏமாற்றமே மிஞ்சும்.

இனி கணக்குக்கு வருவோம். பறக்கும்போது வரக்கூடிய அதிகபட்சச் சுமையான வரம்புச் சுமை 8 ஜி என்றால், அதை 1.5-ஆல் பெருக்கி வரும் 12 ஜி தான் இறக்கை உடையாமல் தாங்க வேண்டிய உச்சச் சுமை. 550 கிலோ விமானத்துக்கு அந்த நிலையில் மொத்த ஏற்றம் (இறக்கை தரும் தூக்குவிசை) 6,600 கிலோ. ஒரு பக்க இறக்கைக்கு 3,300 கிலோ. இறக்கையின் சொந்த எடை 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், அதன் நிலைமம் ஏற்றத்துக்கு எதிராக இழுப்பதால் ஒரு பக்கத்துக்கு 540 கிலோ குறைந்து, 2,760 கிலோ மிஞ்சுகிறது. ஏற்றம் நீள்வட்டமாகப் பரவியிருந்தால் அது அரை இறக்கையின் 42 விழுக்காட்டுத் தொலைவில், அதாவது மையக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 1.48 மீட்டரில் செயல்படும். இரண்டையும் பெருக்கினால் மையத்தில் சுமார் 40 கிலோநியூட்டன் மீட்டர் வளைவுத் திருப்புத்திறன் கிடைக்கும். ஸ்பாரின் மேல், கீழ் பட்டைகளுக்கு (பட்டறைப் பேச்சில் இவற்றைக் கேப் என்போம்) இடையே மையத்துக்கு மையம் 200 மி.மீ. இருந்தால், ஒவ்வொரு கேப்பும் 200 கிலோநியூட்டனைச் சுமக்கிறது. இருபது டன் என்று சொன்னால் அதன் கனம் இன்னும் நன்றாகப் புரியும்.

இந்த இடத்தில்தான் பலர் இடறுகிறார்கள். டி700 வகைக் கார்பன் இழையின் விவரத்தாளில் 4,900 மெகாபாஸ்கல் (ஒரு சதுர மி.மீ.க்கு அத்தனை நியூட்டன்) என்ற எண் பெரிதாக அச்சாகியிருக்கும். அதை வைத்து வகுத்தால் கேப்புக்கு 41 சதுர மி.மீ. போதும் என்று வரும். அது தனி இழையின் இழுவை வலிமை. அதே விவரத்தாளில், ஆலைத் தரத்தில் செய்த ஒருதிசை அடுக்கின் (இழைகள் எல்லாம் ஒரே திசையில் கிடக்கும் அடுக்கு) அமுக்க வலிமை சுமார் 1,470 மெகாபாஸ்கல் என்றுதான் இருக்கும். நிமிர்ந்து பறந்து 8 ஜி இழுக்கும்போது மேல் கேப் அமுக்கத்தில் இருக்கிறது. தலைகீழாகத் தள்ளும்போது கீழ் கேப் அமுக்கத்துக்கு வருகிறது. சாகச விமானத்தில் இரண்டு கேப்புகளையும் அமுக்கத்துக்காகவே வடிவமைக்க வேண்டும். அமுக்கத்தில் இழை அறுவதில்லை. தன்னைச் சுற்றியுள்ள பிசின் தாங்காத இடத்தில் மடிந்து நொறுங்குகிறது. எனவே இழை எவ்வளவு நேராகக் கிடக்கிறது, பிசின் அந்த வெப்பத்தில் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்ற இரண்டும்தான் உங்கள் இறக்கையின் வலிமையைத் தீர்மானிக்கின்றன.

கையால் பிசின் பூசி, வெற்றிடப் பையில் அமுக்கி, பின்னர் சூடேற்றிய ஒருதிசை அடுக்குக்கு, வெயிலும் ஈரமும் சேர்ந்த மோசமான நிலையில், நான் 400 மெகாபாஸ்கலுக்கு மேல் கணக்கில் எடுப்பதில்லை. அதன்படி உங்களுக்கு மையத்தில் 500 சதுர மி.மீ. வேண்டும், 72 மி.மீ. அகலம், 7 மி.மீ. தடிமன் கொண்ட பட்டை என்று வைத்துக்கொள்ளலாம். இது தொடக்க அளவுதான். உங்கள் கையால் செய்த சோதனைத் துண்டுகளை அமுக்கி உடைத்துப் பார்த்த எண் இதைவிடக் குறைவாக வந்தால், அந்த எண்ணே செல்லும். இந்த அளவு முனையை நோக்கிக் குறைந்துகொண்டே போகும்போது, முழு இறக்கையின் நான்கு அரைக் கேப்புகளும் சேர்ந்து ஏறக்குறைய 5 கிலோதான் எடையிருக்கும். மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகப் போட்டாலும் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறாது. ஆகவே கேப்பில் சிக்கனம் பார்ப்பது வீண். எடை உண்மையில் ஏறுவது தோலில் மிஞ்சிய பிசினாலும், ஒட்டுப் பசையாலும், மேடுபள்ளம் நிரவும் பூச்சாலும், வண்ணத்தாலும்தான்.

ட்வில் துணியைக் கேப்புக்கு வேண்டாம் என்றதன் காரணம் இப்போது விளங்கும். நெசவில் ஒவ்வோர் இழைக்கற்றையும் மேலும் கீழும் ஏறி இறங்குகிறது. அமுக்கத்தில் அந்த வளைவுதான் முதலில் மடியும். கேப்புக்கு நெசவில்லாத ஒருதிசை நாடாவை இழுத்து விறைப்பாக அடுக்க வேண்டும், அல்லது ஆலையில் இழுத்து வார்த்த கார்பன் தண்டுகளை வாங்கிப் பதிக்க வேண்டும். வீட்டுப் பட்டறைக்கு நான் தண்டுகளையே பரிந்துரைப்பேன், ஏனெனில் இழை நேராக இருப்பதை ஆலையே உறுதி செய்துவிடுகிறது. ஆனால் தண்டுகள் எல்லாம் ஒரே இடத்தில் முடியக்கூடாது; ஒவ்வொன்றையும் சிறிது சிறிதாகத் தள்ளி முடித்து, நுனியைச் சாய்வாகச் சீவ வேண்டும். நாடாவை அடுக்குபவர்கள் தடித்த அடுக்கை ஒரே நாளில் முடிக்க அவசரப்பட்டால், பிசின் தன் சூட்டிலேயே கொதித்து, பை அமுக்கும்போது இழைகள் அலையாக நெளியும். சில பாகை நெளிவே அமுக்க வலிமையைப் பெருமளவு தின்றுவிடும். கார்பன் கறுப்பு என்பதால் உள்ளே இருப்பதைக் கண்ணால் பார்க்கவும் முடியாது. கண்ணாடி இழையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் குமிழி தெரிந்துவிடும் என்ற வசதி இங்கே இல்லை.

இரண்டு கேப்புகளையும் இணைக்கும் நடுச்சுவர், அதாவது வெப், கத்தரிப்பு விசையைத் தாங்குகிறது. உங்கள் இறக்கை விமான உடலோடு சேரும் இடத்தில் அது ஒரு மி.மீ. உயரத்துக்கு ஏறக்குறைய 135 நியூட்டன். இழைகள் 45 பாகையில் இரு பக்கமும் சாய்ந்து கிடக்க வேண்டும். நடுவில் நுரைப்பலகை வைத்தால் சுவர் நெளியாது. போல்ட் செல்லும் இடங்களில் நுரையை எடுத்துவிட்டுக் கெட்டியான அடுக்கால் நிரப்ப வேண்டும். தோலுக்கும் 45 பாகைதான். உங்கள் ட்வில் துணியை மூலைவாட்டாக விரித்தால் முறுக்கு விறைப்பு நன்றாகக் கிடைக்கும். சாகச விமானத்தின் எய்லரான்கள் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகைகள்) பெரியவை என்பதால் இந்த முறுக்கு விறைப்பை அலட்சியப்படுத்தக்கூடாது; அது குறைந்தாலோ, எய்லரானின் எடைச் சமன் மாறினாலோ, வேகத்தில் இறக்கை படபடத்து நொடிகளில் பிய்ந்துவிடும். பழைய மர இறக்கை அந்த வேகத்தில் படபடக்கவில்லை என்பது புதிய இறக்கைக்குச் சான்றாகாது.

இணைப்பு உலோகத்தைத் தேர்வதில் குழப்பமே வேண்டாம்: அலுமினியம் கார்பனைத் தொடக்கூடாது. ஈரம் பட்டால் மின்வேதி அரிப்பில் அலுமினியம் தின்னப்படும். மேலும் சூட்டில் அது விரியும் அளவுக்குக் கார்பன் விரிவதில்லை. துருப்பிடிக்காத எஃகு அல்லது டைட்டானியம் புஷ்களைப் (போல்ட் துளையில் பொருத்தும் குழாய்கள்) பயன்படுத்தி, இடையில் ஒரு கண்ணாடி இழை அடுக்கையும் வையுங்கள். வாய்ப்பிருந்தால் இறக்கையை ஒரே துண்டாக, கேப் மையத்தில் அறுபடாமல் கட்டுவது சிறந்தது. ஏற்றிச்செல்ல நீளமான டிரெய்லர் வேண்டுமே என்ற குறை ஒன்றுதான்.

மேல் தோலையும் கீழ் தோலையும் ஸ்பாரோடு ஒட்டி மூடும் வேலைதான் எனக்கு இன்றும் கவலை தருவது, ஏனெனில் மூடிய பிறகு உள்ளே பசை தொட்டதா என்று பார்க்க வழியில்லை. நான் கட்டிய முதல் சோதனைத் துண்டை அறுத்துப் பார்த்தபோது, ஒட்டுக் கோட்டின் கணிசமான நீளத்தில் பசை எதிர்ப்பக்கத்தைத் தொடவே இல்லை. வெளியில் தட்டிப் பார்த்தபோதோ எல்லாம் சரியாகவே ஒலித்தது. அதன்பின் ஒவ்வொரு முறையும் பசைக்குப் பதில் களிமண் திரியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் வைத்து, ஒருமுறை மூடித் திறந்து, அது நசுங்கிய தடிமனை நீளம் முழுதும் அளந்த பிறகே பசை கலக்கிறேன். ஒட்டும் பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாகத் திரளாமல் படலமாகப் பரவுகிறதா என்று பார்ப்பதும் கட்டாயம்.

இனி வெப்பம். எபாக்ஸி ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைக் கடந்தால் கண்ணாடித் தன்மை இழந்து ரப்பர்போல் ஆகிறது. அறை வெப்பத்தில் மட்டுமே இறுகிய பிசினில் அந்த எல்லை, இறுகிய வெப்பநிலைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். ஈரம் உறிஞ்சினால் இன்னும் இறங்கும். டெக்சாஸ் கோடையில் வெயிலில் நிற்கும் விமானத்துக்கு இது போதாது. வெள்ளை பூசிய கிளைடர்களுக்கு ஐரோப்பாவில் 54 டிகிரி செல்சியஸில் வலிமையைக் காட்டச் சொல்கிறார்கள். எக்ஸ்ட்ரா 300-இல் கட்டமைப்பின் வெப்பநிலை 72 டிகிரியைத் தாண்டினால் பறக்கக்கூடாது என்பது விதி. ஈர நிலையில் பிசினின் எல்லை, இறக்கை காணும் உச்ச வெப்பத்தைவிடக் குறைந்தது 28 டிகிரி மேலே இருக்க வேண்டும் என்பது துறையில் நிலைத்த வழக்கம். அதாவது 54 என்றால் 82. 72 என்றால் 100.

இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, வெப்பம் கடத்தாத பலகைகளால் இறக்கை நீளத்துக்கு ஒரு பெட்டி, அதனுள் ஒரு ஹீட்டர், காற்றைச் சுழற்ற விசிறி, பல இடங்களில் வெப்பமானிகள். இறக்கையை அதன் வார்ப்பு அச்சிலேயே வைத்து, மணிக்கு 10 முதல் 15 டிகிரி என மெல்ல ஏற்றி, பிசின் தயாரிப்பாளர் சொன்ன நேரம்வரை பிடித்து, மெல்ல இறக்குங்கள். அவசரமாக ஏற்றினால் இறுகாத பிசின் இளகி இறக்கை கோணும். பாலிஸ்டைரீன் நுரை அந்தச் சூட்டில் சுருங்கிவிடும் என்பதால், நடுப்பலகையையும் சூட்டுக்கு ஏற்றதாகவே தேர்ந்தெடுங்கள். பின்சூடேற்றத்துக்குப் பிறகும் எல்லை போதுமான அளவு உயராது என்று உங்கள் எபாக்ஸியின் விவரத்தாள் சொன்னால், அதைச் சமையலறை மேசைக்குப் பயன்படுத்திவிட்டு வேறு வாங்குங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, வீட்டில் கட்டும் விமானத்துக்கு அமெரிக்க விதிகள் வலிமைச் சான்று கேட்பதில்லை என்பதே நீங்கள் சோதிக்க வேண்டியதற்கு முதல் காரணம். உங்களுக்காக வேறு யாரும் சரிபார்க்கவில்லை. மரம் உடையுமுன் முனகும். கார்பன் பெரும்பாலும் எச்சரிக்காமல் உடையும். முதலில் ஸ்பார் ஒன்றை மட்டும் கட்டி உடையும்வரை ஏற்றுங்கள். உங்கள் கணக்குப்படி ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 110 மூட்டைகள், ஒவ்வொன்றும் 25 கிலோ, உச்சச் சுமைக்கு வேண்டும்; அதை 3 நொடி தாங்க வேண்டும். அறை வெப்பத்தில் சோதிக்கிறீர்கள் என்றால் வெயிலில் இழக்கும் வலிமைக்காகக் கூடுதலாகவும் ஏற்ற வேண்டும், அல்லது ஸ்பாரைச் சூடாக்கியே ஏற்ற வேண்டும். உச்சச் சுமை கண்ட ஸ்பார் பறக்கக்கூடாது. பறக்கப்போகும் இறக்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து, மூட்டைகளை ஏற்றப் பரவலுக்கு ஏற்ப அடுக்கி, வரம்புச் சுமை மட்டும் ஏற்றுங்கள். இறக்கிய பின் அது பழைய இடத்துக்கே திரும்பியதா என்று முனையில் அளவுகோல் வைத்துப் பாருங்கள். பின்னர் நிமிர்த்தி, எதிர்த் திசைக்கும் அதையே செய்யுங்கள்.

இறக்கையை மாற்றுவது பெரிய மாற்றம் என்பதால், உங்கள் இயக்க வரம்புகளின்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் வட்டார அலுவலகத்துக்குத் தெரிவித்து, முதல் கட்டச் சோதனைப் பறத்தலுக்குத் திரும்ப வேண்டியிருக்கும். வழக்கமாகக் குறைந்தது 5 மணி நேரம். படபடப்பு வருகிறதா என்று வேகத்தைப் படிப்படியாக மெல்ல ஏற்றிப் பார்க்க அந்த 5 மணி நேரம் போதாது என்பது என் கருத்து.

கருநீலத்துக்கு வருகிறேன். வெயிலில் நிற்கும் அடர்நிறப் பரப்பு 80 டிகிரியைத் தாண்டக்கூடும். மேலே சொன்ன கணக்குப்படி உங்கள் பிசினின் எல்லை 110-ஐ நெருங்க வேண்டியிருக்கும், அது வீட்டுப் பெட்டியில் எளிதல்ல. மேற்புறத்தை வெள்ளையாக விடுங்கள். கருநீலத்தை அடிப்புறத்துக்குப் பூசலாம். நிறுத்தி வைத்திருக்கும்போது அதன்மேல் வெயில் நேராக விழாது, நீங்கள் தலைகீழாகப் பறக்கும் சில நிமிடங்களில் மேலே ஓடும் காற்று அதைக் குளிர்வித்துக்கொண்டே இருக்கும்.