ஹெட்ஷாட் ஸ்டூடியோ தொடங்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. கோவையில் ஒரு கல்யாண போட்டோகிராபி டீமில் எட்டு வருடமாக வேலை செய்கிறேன். சீசனைப் பொறுத்து மாதம் சராசரியாக 35,000 ரூபாய் வரும். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை, சம்பளம் 24,000. ஒரு குழந்தை. வீட்டுச் செலவு 40,000. வங்கியில் 3.5 லட்சம் எஃப்.டி. இருக்கிறது. சொந்தமாக ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமராவும் 24-70 லென்ஸும் உண்டு. கம்பெனி ஆட்கள், டாக்டர்கள், நடிக்க வருபவர்களுக்கு ஹெட்ஷாட் (முகமும் தோளும் மட்டும் தெரியும் தொழில்முறைப் படம்) மட்டும் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்று தொடங்க ஆசை. மனைவியின் நகையை வைத்து 6 லட்சம் கடன் வாங்கி, பீளமேட்டில் வாடகைக்கு இடம் பிடித்து, இன்டீரியர் செய்து தொடங்கலாமா? ஆளுக்கு 1,500 ரூபாய் வாங்கலாம் என்று நினைக்கிறேன். ஜி.எஸ்.டி. எடுக்க வேண்டுமா? ஏ.ஐ. வந்த பிறகு இந்தத் தொழில் நிற்குமா? மைத்துனர் 2 லட்சம் போட்டுப் பங்குதாரராகச் சேர்கிறேன் என்கிறார். சேர்க்கலாமா?

பதில்: தொழில் தொடங்குங்கள். ஸ்டூடியோ இப்போது வேண்டாம், நகையைத் தொட வேண்டாம். ஏன் என்பதை உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம்.

இடத்துக்கு வாடகை 18,000, கரண்ட் 3,000, ஒரு உதவியாளருக்கு 12,000 என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சத்தை 11% வட்டியில் மூன்று வருடத்தில் அடைப்பதானால் மாதத் தவணை சுமார் 19,600. ஆக, ஷட்டரைத் திறந்தாலும் திறக்காவிட்டாலும் மாதம் 52,600 ரூபாய் போய்விடும். வீட்டுக்கு நீங்கள் குறைந்தது 25,000 கொண்டுவர வேண்டும். மனைவியின் சம்பளம் போக 16,000 துண்டு விழுகிறது. பள்ளிக் கட்டணம், இன்ஷூரன்ஸ், கொஞ்சம் சேமிப்பு எல்லாம் அதற்கு மேல்தான். மொத்தம் 77,600. ஆளுக்கு 1,500 வாங்கி, எடிட்டிங் செலவு 200 போக 1,300 நின்றால், மாதம் 60 பேர் வேண்டும். 25 வேலை நாள் என்றால் தினமும் இரண்டு மூன்று பேர், தாங்களாகவே தேடி வந்து, தங்கள் முகத்துக்காகக் காசு கொடுக்க வேண்டும். கோவையில் அப்படி ஒரு கூட்டம் முதல் வருடமே வரும் என்று நம்பி நகையை வைக்கச் சொல்ல என்னால் முடியாது.

நகைக் கடனுக்கு வட்டி குறைவுதானே என்று கேட்பீர்கள். பிணையில்லாத கடனைவிடப் பெரும்பாலும் குறைவுதான். எனக்கு உறுத்துவது வட்டி அல்ல, அந்தப் பணம் எதில் போய் உட்காருகிறது என்பது. லென்ஸும் லைட்டும் வாங்கினால் நாளைக்கு செகண்ட் ஹேண்டில் விற்றாவது பாதிப் பணத்தை எடுக்கலாம். ஃபால்ஸ் சீலிங்கையும் சுவர் பேனலையும் இடத்தைக் காலி செய்யும்போது வீட்டு ஓனருக்கு விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

இப்போது அதே தொழிலை வேறு மாதிரி போட்டுப் பாருங்கள். 25 பேர் வேலை செய்யும் ஒரு அலுவலகத்துக்கு நீங்களே லைட்டுடன் போகிறீர்கள். முதல் 15 பேர் வரை மொத்தமாக 12,000, அதற்கு மேல் ஆளுக்கு 600. பில் 18,000. உதவியாளர், வண்டி, எடிட்டிங் எல்லாம் சேர்த்து 4,500 போனாலும் 13,500 கையில் நிற்கும். மாதம் இப்படி இரண்டு அலுவலகம் கிடைத்தால் 27,000. வீட்டுக்குத் தேவையான 25,000 வந்துவிட்டது. இதிலும் 50 முகங்களை எடுக்கத்தான் போகிறீர்கள். ஆனால் தேடிப் பிடிக்க வேண்டியது 60 வாடிக்கையாளர்களை அல்ல, இரண்டு ஹெச்.ஆர். மேனேஜர்களை. ஹெட்ஷாட் தொழிலில் லாபம் இங்கேதான் இருக்கிறது. விலையும் தொகையும் நான் உதாரணத்துக்குப் போட்டவை, ஊர் நிலவரம் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் 'முதல் இத்தனை பேர் வரை இவ்வளவு' என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெறும் தலைக்கணக்கில் பேசினால், 25 பேர் என்று கூப்பிட்டுவிட்டு அன்றைக்கு 9 பேர்தான் வந்தார்கள் என்பார்கள். லைட் கட்டிக் கழற்றும் வேலை ஒன்றுதான்.

இதற்கு என்ன வாங்க வேண்டும்? கேமரா இருக்கிறது. முகத்துக்கு ஏற்ற 85 எம்.எம். லென்ஸ் ஒன்று, சாஃப்ட்பாக்ஸுடன் இரண்டு லைட், மடக்கும் பேக்டிராப், ஸ்டாண்டுகள், கேமராவை லேப்டாப்புடன் இணைக்கும் கேபிள். எஃப்.டி.யில் உள்ள 3.5 லட்சத்தில் ஆறு மாத வீட்டுச் செலவுக்கான 2.4 லட்சத்தை அப்படியே விட்டுவிடுங்கள். மிச்சம் 1.1 லட்சம். லென்ஸை செகண்ட் ஹேண்டில் எடுத்தால் அதற்குள் முடிக்கலாம். போதாமல் போனால் மத்திய அரசின் முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர் என்ற பிரிவுகளில் பிணையில்லாமல் கடன் உண்டு. அதையும் முதல் நாலைந்து பில் கைக்கு வந்த பிறகு யோசியுங்கள். வண்டியில் எடுத்துக்கொண்டு அலையும் கருவிகளுக்கு, திருட்டு, சேதம் எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஆல் ரிஸ்க்' பாலிசி ஒன்று எடுத்துவிடுங்கள்.

கல்யாண வேலையை விட வேண்டியதில்லை. சொல்லப்போனால் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போகும். அலுவலகங்கள் கூப்பிடுவது வார நாட்களில். ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லாமல் நீங்கள் கை கட்டி உட்கார்ந்திருக்கும்போது கம்பெனிகள் திறந்துதான் இருக்கின்றன. கல்லூரி முடித்த புதுப் பசங்கள் வேலைக்குச் சேர்வதும் பெரும்பாலும் ஆடியை ஒட்டித்தான். சரவணம்பட்டி, பீளமேடு டைடல் பார்க், அவிநாசி சாலை மருத்துவமனைகள், கல்லூரிகள், பம்ப் கம்பெனிகள் என்று ஒரு பட்டியல் போட்டு ஆனியிலேயே பேச ஆரம்பித்துவிடுங்கள். மருத்துவமனையை முதலில் வைப்பேன். வெப்சைட்டிலும் வரவேற்பறைப் பலகையிலும் எல்லா டாக்டர் படமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று நிர்வாகம் விரும்பும், ஆனால் ஆளுக்கொரு பின்னணியில் எடுத்த படங்கள்தான் கையில் இருக்கும். கொடிசியா வளாகத்தில் கண்காட்சி நடக்கும்போது ஒரு கம்பெனியின் ஸ்டாலுக்குள் ஹெட்ஷாட் பூத் போட்டுத் தரலாம், நாள் வாடகை பேசிக்கொள்ளுங்கள். டீம் ஓனரிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். இது அவருக்குப் போட்டி இல்லை. அவருடைய வாடிக்கையாளர் பட்டியலைத் தொடாத வரை அவர் தடுக்கவும் மாட்டார்.

பழக்கத்துக்காக இலவசமாக எடுத்துக் கொடுக்காதீர்கள். சின்ன கிளினிக் ஒன்றில் பத்துப் பேரை எடுங்கள், பில்லில் முழு விலையைப் போட்டு, அறிமுகத் தள்ளுபடி என்று தனி வரியில் கழியுங்கள். அடுத்த முறை பேரம் அந்த முழு விலையிலிருந்து தொடங்கும்.

விலைக்குத் தகுந்த வேலை என்பது அந்தப் பத்து நிமிடத்தில்தான் இருக்கிறது. கல்யாணத்தில் மாப்பிள்ளை தன்னை மறந்து சிரிக்கும்போது கிளிக் செய்யலாம். அலுவலகத்தில் அக்கவுன்ட்ஸ் மேனேஜர் ஆதார் போட்டோவுக்கு நிற்பதுபோல விறைத்துக்கொண்டு வந்து நிற்பார். கண்ணாடியில் லைட் அடிக்கும், நெற்றி வியர்வையில் பளபளக்கும், காலர் ஒரு பக்கம் ஏறியிருக்கும், ஐ.டி. கார்டைக் கழற்ற மறந்திருப்பார். டிஷ்யூ நீட்டி, தாடையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரச் சொல்லி, பேச்சுக் கொடுத்து அவர் முகம் இளகும் வரை விடக் கூடாது. நியூயார்க்கில் ஹெட்ஷாட் ஒன்றையே தொழிலாக்கிப் பெயர் வாங்கியவர் பீட்டர் ஹர்லி. கீழ் இமையை லேசாகச் சுருக்கச் சொல்லும் அவருடைய உத்தி உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது. எதிரில் நிற்பவரின் தன்னம்பிக்கையைக் கண்ணில் வரவழைப்பதற்குத்தான் அவருக்குக் காசு. எடுத்த படத்தை லேப்டாப்பில் உடனே காட்டி, 'இதுதான்' என்று எதிரில் நிற்கும் வாடிக்கையாளர் வாயாலேயே அங்கேயே சொல்ல வைத்துவிடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு 40 படம் அனுப்பி, அவர் மனைவியிடம் காட்டி, இன்னொன்று கேட்டு இழுத்துக்கொண்டே போனால் 13,500 என்று நான் போட்ட கணக்கு கரைந்துவிடும். அப்புறம் ஒன்று: நம் ஊர் ஸ்டூடியோ வழக்கப்படி எல்லோரையும் சிவப்பாக்கிக் கொடுக்காதீர்கள். நேரில் பார்த்தால் வேறு ஆள் மாதிரி இருக்கிறார் என்று ஒரே ஒரு புகார் போதும், அந்தக் கம்பெனி திரும்பக் கூப்பிடாது.

எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல் வேலை செய்யாதீர்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவுப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன போட்டோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் அவர்தான், எடுத்தவர் அல்ல. 'இந்தப் படத்தை விளம்பரப் பலகையில் போட்டால் தனிக் கட்டணம்' என்று அமெரிக்க யூடியூபர்கள் சொல்வதைக் கேட்டுவிட்டு இங்கே பில் போட்டால் செல்லாது, முன்கூட்டியே எழுதி வாங்கியிருந்தால் ஒழிய. உங்கள் இன்ஸ்டாகிராமில் போடுவதற்கான சம்மதத்தையும் அதே தாளில் வாங்கிவிடுங்கள். ஆளுக்கு எத்தனை படம், எத்தனை நாளில், எத்தனை முறை திருத்தம் என்பதும் அதில் இருக்கட்டும்.

கம்பெனிகளிடம் வேலை வாங்குவதைவிடப் பணம் வாங்குவது கஷ்டம். பாதி அட்வான்ஸ் கேளுங்கள். தர மாட்டோம் என்றால் எழுத்தில் தரும் வேலை ஆர்டரான பி.ஓ.வாவது கையில் இருக்க வேண்டும். முதல் வேலையாக, குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் உத்யம் பதிவு செய்யுங்கள். ஆன்லைனில் கட்டணமே கிடையாது, யாராவது ஆயிரம் இரண்டாயிரம் கேட்டால் கொடுக்காதீர்கள். குறு, சிறு நிறுவனமாகப் பதிவான உங்களுக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் தர வேண்டும் என்பது சட்டம். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. குறு, சிறு நிறுவனங்களுக்கான அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் செய்யலாம், ஆனால் வாடிக்கையாளரை இழக்க விரும்பாதவர் யாரும் சட்டென்று அங்கே போவதில்லை. அதைவிட உதவியானது வருமான வரி விதி. 2023-24 நிதியாண்டிலிருந்து, உங்களைப் போன்றவர்களுக்குக் கெடு தாண்டிப் பணம் தரும் கம்பெனி, உண்மையில் பணம் கொடுத்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும். எனவே உத்யம் எண்ணை பில்லின் மேலேயே அச்சிட்டுவிடுங்கள். மார்ச் மாதம் அவர்களுடைய ஆடிட்டரே உங்கள் பில்லைத் தேடி எடுப்பார்.

ஜி.எஸ்.டி. இப்போது கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயப் பதிவு. கல்யாண வேலையில் உங்கள் பெயரில் வரும் பில்களும் இந்தக் கணக்கில் சேரும் என்பதை மறக்காதீர்கள். பதிவு இல்லாமல் பில்லில் ஜி.எஸ்.டி. வசூலிக்கக் கூடாது. பெரிய கம்பெனிகள் ஜி.எஸ்.டி. எண் இல்லாமல் வெண்டராகச் சேர்க்க மாட்டோம் என்று சொன்னால், அப்போது விருப்பப் பதிவு எடுங்கள். 18% சேர்த்தாலும், உள்ளீட்டு வரியாகத் திரும்பக் கிடைக்கும் கம்பெனிகளுக்கு அது உறைக்காது. தனி ஆட்களுக்கு உறைக்கும்.

வருமான வரியைப் பற்றி இப்போதைக்குக் கவலை வேண்டாம். 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வருமானத்துக்கு வரி வராது. ஆனால் கம்பெனிகள் டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரி பிடித்துக்கொண்டு தரலாம், அது ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் திரும்ப வரும். நாளைக்கு ஸ்டூடியோவுக்குக் கடன் கேட்டுப் போகும்போது வங்கி முதலில் கேட்பதும் அந்த ரிட்டர்ன்களைத்தான்.

ஏ.ஐ. விஷயத்தில் உங்கள் பயம் பாதி நியாயமானது. செல்ஃபியைப் போட்டால் கோட்டு சூட்டுடன் படம் தரும் ஆப்கள் வந்துவிட்டன. லிங்க்ட்இன்னுக்கு ஒரு படம் போதும் என்று 1,500 ரூபாயோடு வரக்கூடிய தனி ஆட்களை அவை எடுத்துக்கொள்ளும். நீங்கள் ஸ்டூடியோ போட்டுக் காத்திருக்க நினைத்தது அந்தக் கூட்டத்துக்காகத்தான். பாஸ்போர்ட் சேவா மையம் தானே படம் எடுக்க ஆரம்பித்ததும் ஸ்டூடியோக்களின் ஒரு வருமானம் போனதே, அது மாதிரிதான் இதுவும். டாக்டரைப் படத்தில் பார்த்துவிட்டு நேரில் போகும் நோயாளிக்கும், ஆடிஷனுக்கு ஆள் தேடுபவருக்கும் நிஜ முகம் வேண்டும், அந்த வேலை நிற்கும். நடிக்க வருபவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கூட்டம் சென்னையில் வடபழனி, சாலிகிராமம் பக்கம்தான் அதிகம். கோவையில் வருகிற ஒன்றிரண்டு பேரிடம் படம் எடுக்கும் முன்பே முழுப் பணத்தையும் வாங்கிவிடுங்கள்.

அப்படியானால் ஸ்டூடியோ எப்போது? தனியாக வருகிறவர்களுக்கு மணிக்கணக்கு வாடகைக்கு ஸ்டூடியோ எடுத்துச் சமாளியுங்கள். அந்த வாடகை மட்டும் ஆறு மாதம் விடாமல் மாதம் 12,000-ஐத் தாண்டினால், சொந்தமாக இடம் பார்ப்பதில் அர்த்தம் இருக்கிறது.

மைத்துனரைப் பங்குதாரராகச் சேர்க்காதீர்கள். 1.1 லட்சத்தில் தொடங்கும் தொழிலில் 2 லட்சம் போட்டவர் முதலாளி ஆகிவிடுவார், வேலை முழுக்க உங்கள் தலையில் இருக்கும். பின்னால் பணம் தேவைப்பட்டால் கடனாக வாங்குங்கள், வட்டியும் தவணையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். வங்கி வழியாக மட்டும் வாங்குங்கள். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்கினால், வாங்கிய அளவுக்கே அபராதம் போட வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது.