பழைய பிரிட்டிஷ் தொடர்கள் புது ப்ளூ-ரேயில்: எதை வாங்கலாம், எதை விடலாம்?

பழைய பிரிட்டிஷ் டிவி தொடர்களைப் பற்றிச் சில மாதங்களாக நிறையக் கேள்விகள் வந்து சேர்ந்துவிட்டன. எல்லாமே ஏறக்குறைய ஒரே கவலைதான்: டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூ-ரே தட்டில் காசு கொடுத்து மறுபடி வாங்கினால் நிஜமாகவே நல்ல படம் கிடைக்குமா? இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில்.

கேள்வி: ஜெரமி பிரெட் நடித்த ஷெர்லாக் ஹோம்ஸ் தொடர் முழுவதும் என்னிடம் டிவிடியில் இருக்கிறது. இப்போது ப்ளூ-ரேயில் எச்டி என்று விற்கிறார்கள். நாற்பது வருடத்துக்கு முந்தைய டிவி நிகழ்ச்சியில் எச்டி எங்கிருந்து வரும்? ஏமாற்று வேலையா? – மதுரை வாசகர்

பதில்: இந்தத் தொடரைப் பொறுத்தவரை ஏமாற்று இல்லை. தாராளமாக வாங்கலாம்.

கிரனாடா நிறுவனம் 1984 முதல் 1994 வரை எடுத்த இந்த 41 கதைகளும் ஃபிலிமில், பெரும்பாலும் 16 மி.மீ. ஃபிலிமில், படமாக்கப்பட்டவை. அன்றைய பிரிட்டிஷ் டிவி 625 வரி முறையில் இயங்கியது. அதில் படத்துக்கென்று இருந்தவை 576 வரிகள்தான். ஆனால் ஃபிலிம் நெகட்டிவில் அதைவிட நுணுக்கமான விவரம் பதிந்திருந்தது. கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தது, இறைக்கிற வாளிதான் சின்னது. உங்கள் டிவிடி அந்தச் சின்ன வாளியில் இறைத்த தண்ணீர். நெகட்டிவை எடுத்துச் சுத்தம் செய்து இன்றைய ஸ்கேனரில் புதிதாக ஸ்கேன் செய்தால், ஒளிபரப்பான நாளில் யாருமே பார்த்திராத விவரம் தெரிய வருகிறது. மான்செஸ்டரில் அவர்கள் கட்டிய பேக்கர் தெரு செட்டின் செங்கல், ஹோம்ஸின் கோட்டுத் துணி நெசவு, பேசாமல் நிற்கும்போதும் பிரெட்டின் கண்ணோரத்தில் ஓடும் துடிப்பு. எனக்கு அந்தத் துடிப்பு ஒன்றே போதும்.

ஆனால் எல்லாத் தொடருக்கும் இது பொருந்தாது. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதை ஃபிலிமில் எடுத்தார்களா, வீடியோ டேப்பிலா? டேப்பில் எடுத்தது என்றால் பதிவானதே அதிகம் போனால் 576 வரிதான். அதற்கு மேல் மறைந்திருக்கும் விவரம் எதுவும் கிடையாது. அதை எச்டிக்கான 1080 வரிக்கு இழுத்துப் பெரிதாக்குவதைத்தான் அப்ஸ்கேல் என்கிறார்கள்.

அந்தக் காலத்தில் பிபிசியில் பெரும்பாலும் வீட்டுக்குள் நடக்கும் காட்சியை ஸ்டுடியோவில் வீடியோவிலும், வெளிப்புறக் காட்சியை 16 மி.மீ. ஃபிலிமிலும் எடுத்தார்கள். ஒருவர் கதவைத் திறந்து தெருவில் கால் வைத்ததும் படத்தின் சாயலே மாறிவிடும். மான்ட்டி பைத்தான் நகைச்சுவைக் குழு 1970இல் இதையே ஒரு காட்சியாக்கினார்கள். கட்டடத்தை விட்டு எந்தக் கதவு வழியாக வெளியே போனாலும் ஃபிலிமாகிவிடுகிறதே என்று பாத்திரங்கள் அலறுவார்கள். ஆக, ஒரே தொடருக்குள் கொஞ்சம் நிஜ எச்டியும் மிச்சம் அப்ஸ்கேலும் கலந்திருக்கலாம்.

வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பழைய டிவிடியைப் போட்டு யாராவது கையை வீசும் காட்சியைப் பாருங்கள். கிரிக்கெட் நேரலை போல வழுக்கிக்கொண்டு போனால் வீடியோ. நொடிக்கு 50 முறை பதிவானது. சினிமா போல லேசாக விட்டுவிட்டு நகர்ந்தால் ஃபிலிம். நொடிக்கு 25 ஃபிரேம்.

ஃபிலிமில் எடுத்தவை என்று நம்பி வாங்கக்கூடியவை: ‘தி பிரிஸனர்’ (1967, 17 பகுதிகள், 35 மி.மீ.), 1979இல் அலெக் கின்னஸ் நடித்த ‘டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை’, ‘பிரைட்ஸ்ஹெட் ரீவிசிட்டட்’ (1981), ‘இன்ஸ்பெக்டர் மோர்ஸ்’, டேவிட் சூஷே நடித்த ‘புவாரோ’. ‘தி அவெஞ்சர்ஸ்’ தொடரில் 1965இல் டயானா ரிக் வந்த பருவத்திலிருந்துதான் ஃபிலிம். அதற்கு முந்தையது டேப்.

ஃபிலிம் என்று தெரிந்த பிறகும் அட்டையைப் படியுங்கள். ‘மூல நெகட்டிவிலிருந்து புதிய ஸ்கேன்’ என்கிற பொருளில் ஒரு வரி இருக்க வேண்டும். வெறும் ‘ரீமாஸ்டர்’ என்ற சொல்லுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை. அந்த ஒரு சொல்லை நம்பி நான் வாங்கிய ஒரு பெட்டியில் பழைய டேப்பையே பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். முகங்கள் மெழுகுப் பொம்மை போல இருந்தன. எழுதிக் கேட்டேன், பதிலே வரவில்லை. அன்றிலிருந்து யாராவது அதே தட்டைப் போட்டுப் பார்த்து எழுதிய விமர்சனத்தைத் தேடிப் படிக்காமல் எதையும் வாங்குவதில்லை.

கேள்வி: ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ அப்பாவுக்கு உயிர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு எச்டியில் வாங்கிக் கொடுக்க ஆசை. கிடைக்குமா? – மட்டக்களப்பு வாசகி

பதில்: டிவிடியே வாங்குங்கள். 1977 முதல் 1979 வரை லண்டன் வீக்எண்ட் டெலிவிஷன் ஸ்டுடியோவில், பார்வையாளர்களை உட்கார வைத்து, பல கேமராக்களால் டேப்பில் பிடித்த தொடர் அது. யாராவது எச்டி என்று கூடுதல் விலை சொன்னால் கொடுக்க வேண்டாம். ‘யெஸ் மினிஸ்டர்’, ‘ஃபால்டி டவர்ஸ்’ இரண்டுக்கும் இதே பதில்தான். இவை குறைந்த தரத்தில் எடுக்கப்பட்டவை என்று நான் சொல்லவில்லை. ஒரே மூச்சில் நாடகம் போல நடித்து, கூடவே சிரிப்பும் பதிவான அந்தச் சூடு ஃபிலிமில் வராது. 576 வரியிலும் அது குறையாமல் இருக்கிறது. ‘மைண்ட் யுவர் லாங்வேஜ்’ தொடரில் ரஞ்சித் சிங்காக வந்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையில் கம்பளையில் பிறந்தவர். அப்பாவுக்குத் தெரியாவிட்டால் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

கேள்வி: புது ப்ளூ-ரேயில் படம் முழுக்கப் பொடிப் பொடியாகப் புள்ளிகள் ஊர்கின்றன. திருப்பிக் கொடுக்கலாமா? – சேலம் வாசகர்

பதில்: வேண்டாம். அது ஃபிலிமின் மணல் (கிரெய்ன்). வெள்ளித் துகள்களிலிருந்து உருவான படத்தின் உடம்பே அதுதான். 16 மி.மீ. ஃபிரேம் 35 மி.மீ. ஃபிரேமின் பரப்பில் கால்வாசிதான் இருக்கும். அதனால் பெரிய திரையில் மணல் கூடுதலாகத் தெரியும். கணினியால் துடைத்தெடுக்கலாம், ஆனால் தோலின் சுருக்கமும் துணியின் இழையும் கூடவே போய்விடும். உங்கள் டிவியில் ‘ஷார்ப்னெஸ்’ ஏற்றி வைத்திருந்தால் குறையுங்கள். ‘மோஷன் ஸ்மூத்திங்’ (அசைவை வழுக்கலாக்கும் வசதி) இருந்தால் அணைத்துவிடுங்கள். பாதி உறுத்தல் அதிலேயே போய்விடும்.

கேள்வி: புதிதாக 55 அங்குல டிவி வாங்கினோம். பழைய தொடர்களைப் போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை. திரையை நிறைக்கும் பதிப்பு என்று ஒன்று இருக்கிறதாமே? – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: இருக்கிறது. அதைத் தவிர்க்கத்தான் சொல்வேன். பழைய படம் 4:3 வடிவம். அதை 16:9 திரையை நிறைக்கிற மாதிரி ஆக்க, மேலும் கீழும் வெட்ட வேண்டும். கணக்குப் போட்டால் படத்தில் சரியாகக் கால் பங்கு போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கும் பொருளில் கால் பங்கை வெட்டி எறிந்துவிட்டு அதை மேம்பாடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பெயர் பெற்ற தொடர்களுக்கே இது நடந்திருக்கிறது. ‘தண்டர்பேர்ட்ஸ்’ பொம்மைத் தொடரை 2008இல் பிரிட்டனில் ப்ளூ-ரேயாக வெளியிட்டபோது இப்படித்தான் வெட்டினார்கள். 1965இல் பிரிட்டிஷ் டிவி இன்னும் கறுப்பு வெள்ளையில் இருந்த நாளிலேயே, அமெரிக்காவுக்கும் விற்கலாம் என்று 35 மி.மீ. வண்ண ஃபிலிமில் எடுத்த தொடர் அது. ராக்கெட்டின் மூக்கும் பொம்மையின் நெற்றியும் எங்கே நிற்க வேண்டும் என்று அளந்து அளந்து வைத்திருப்பார்கள். இரண்டாம் உலகப் போரைப் பற்றி 1973இல் தொடங்கிய ‘தி வேர்ல்ட் அட் வார்’ (26 பகுதிகள்) 2010இல் ப்ளூ-ரேயில் வந்தபோதும் அதே கதைதான். அது ஓர் ஆவணம். போர்க்களத்தில் உயிரைப் பணயம் வைத்து ஒருவர் பிடித்த காட்சியின் ஓரத்தை அறுபத்தைந்து வருடம் கழித்து நாம் எதற்கு நறுக்க வேண்டும்?

அட்டையின் பின்பக்கம் 1.33:1 அல்லது 4:3 என்று இருக்கிறதா பாருங்கள். கறுப்புப் பட்டை இரண்டு நாளில் கண்ணுக்குப் பழகிவிடும்.

கேள்வி: லண்டனிலிருந்து மாமா வாங்கி வந்த ப்ளூ-ரே எங்கள் வீட்டு பிளேயரில் ஓடவில்லை. தட்டில் கோளாறா? – திருச்சி வாசகி

பதில்: கோளாறு தட்டில் இருக்க வாய்ப்புக் குறைவு. ப்ளூ-ரே உலகத்தை மூன்று ரீஜனாக, அதாவது மண்டலமாக, பிரித்திருக்கிறார்கள். பிரிட்டன், ஐரோப்பா, ஆஸ்திரேலியா ‘பி’. அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’. இந்தியாவும் இலங்கையும் ‘சி’. பூட்டுப் போட்ட ‘பி’ தட்டு உங்கள் ‘சி’ பிளேயரில் ஓடாது. எல்லாத் தட்டிலும் பூட்டு இருப்பதில்லை. அட்டையின் பின்னால் சின்ன அறுகோணத்துக்குள் எழுத்து இருக்கும். மூன்று எழுத்தும் இருந்தால் எங்கும் ஓடும். 4கே அல்ட்ரா எச்டி தட்டுக்கு ரீஜனே கிடையாது. ஆனால் அதே பெட்டியில் சேர்த்துக் கொடுக்கும் சாதா ப்ளூ-ரேக்கு இருக்கலாம்.

டிவிடி பிளேயரில் ரிமோட்டில் நாலு எண் அழுத்தித் திறந்த காலம் உண்டு. ப்ளூ-ரேயில் அது பெரும்பாலும் நடக்காது. பிரிட்டிஷ் தொடர்கள் நிறைய வாங்குகிறவர்கள் எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்றை வாங்குவதுதான் கடைசியில் லாபம். அப்புறம் கனடாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறவர்களுக்கு இன்னொரு சிக்கல்: பிரிட்டிஷ் தட்டுகளில் பல 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 முறை) முறையில் பதிவானவை. ரீஜன் பொருந்தினாலும் அங்குள்ள சில பிளேயர்கள் படத்தைக் காட்டாது. பாரிஸ், சூரிச் வாசகர்களுக்கு இந்த இரண்டு தொல்லையும் இல்லை.

கேள்வி: பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ அறிவியல் புனைகதைத் தொடரின் பழைய கதைகளுக்கு இப்போது வண்ணம் சேர்த்து விடுகிறார்கள். ப்ளூ-ரே பெட்டிகளும் வருகின்றன. ஆனால் எல்லாம் டேப்தானே, நீங்கள் சொல்கிற கணக்குப்படி வாங்கவே கூடாது இல்லையா? – டொராண்டோ வாசகர்

பதில்: நியாயமான கேள்வி. ஆனால் இங்கே நான் வாங்கச் சொல்வேன்.

2018 முதல் பருவம் பருவமாக வரும் அந்தப் பெட்டிகளில் ஸ்டுடியோக் காட்சிகள் அப்ஸ்கேல்தான். ஆனால் வெளிப்புறக் காட்சிகளின் மூல ஃபிலிம் கிடைத்த இடத்தில் புதிதாக ஸ்கேன் செய்து சேர்க்கிறார்கள். இரட்டை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 8.5 ஜிபி, ப்ளூ-ரேக்கு 50 ஜிபி. அதே 576 வரிப் படமானாலும் நசுக்காமல் வைக்க இடம் இருக்கிறது. முழுக்க நிஜ எச்டியில் பார்க்க வேண்டுமானால் ‘ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்’ வாங்குங்கள். 1969இல் பிபிசியில் நடந்த வேலைநிறுத்தத்தால் ஸ்டுடியோ கிடைக்காமல் நாலு பகுதியையும் 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்தார்கள். அன்றைக்குத் தொல்லையாக இருந்தது இன்றைக்கு நமக்கு வரமாகிவிட்டது.

வண்ணத்தில் இரண்டு வகை உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம். 2023இல் வந்த ‘தி டாலெக்ஸ்’ வண்ணப் பதிப்பு, கறுப்பு வெள்ளையில் எடுத்த ஏழு பகுதிகளைச் சுருக்கி 75 நிமிடமாக்கி, இன்றைய ஆட்கள் நிறம் பூசியது. பார்க்கலாம், ஆனால் மூலத்துக்கு மாற்று ஆகாது.

இன்னொன்றுதான் என்னை உருக்குவது. டேப் விலை அதிகம் என்பதால் பிபிசி 1970களில்கூடப் பல வண்ண டேப்புகளை அழித்து மறுபடி பயன்படுத்தியது. வெளிநாட்டு நிலையங்களுக்கு விற்பதற்காக எடுத்த கறுப்பு வெள்ளை ஃபிலிம் பிரதிகள் மட்டும் சிலவற்றுக்கு மிஞ்சின. அந்தப் பிரதிகளில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு பொடிப் புள்ளிக் கோலம் இருந்தது. வண்ண சிக்னலை வடிகட்டாமல் ஃபிலிம் எடுத்ததால் விழுந்த தடம் அது. அந்தக் கோலத்தைக் கணினியால் படித்து அசல் நிறத்தையே மீட்கும் மென்பொருளை ரிச்சர்ட் ரஸல் என்ற பிபிசி பொறியாளர் எழுதினார். பிபிசியின் நகைச்சுவைத் தொடரான ‘டாட்ஸ் ஆர்மி’யின் ஒரு பகுதி 2008இல் அப்படித்தான் வண்ணத்தில் திரும்பி வந்தது. ‘டாக்டர் ஹூ’வில் 1971இல் ஒளிபரப்பான ‘தி மைண்ட் ஆஃப் ஈவிள்’ கதையின் கடைசி ஐந்து பகுதிகளும் அதே வழியில் மீண்டன. யாரும் ஊகித்துப் பூசிய நிறம் இல்லை. அன்று கேமரா கண்ட நிறம். இத்தனை உழைப்பு சேர்ந்த பெட்டிக்கு வரி எண்ணிக்கையை மட்டும் வைத்து விலை பேச எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: நெட்வொர்க் நிறுவனப் பதிப்புகள் எங்குமே கிடைக்கவில்லை. பழைய விலையைப் போல மூன்று மடங்கு கேட்கிறார்கள். பொறுக்கலாமா? – பாரிஸ் வாசகர்

பதில்: பொறுங்கள். பிரிட்டனின் தனியார் டிவியான ஐடிவியின் பழைய தொடர்களை அக்கறையோடு வெளியிட்டு வந்த நெட்வொர்க் 2023இல் மூடப்பட்டது. அதை நடத்திய டிம் பெடோஸ் அதற்கு முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். எனக்கு அது சொந்த இழப்பு போலவே இருந்தது. ஆனால் தொடர்களின் உரிமையும் ஸ்கேன் செய்த பிரதிகளும் உரிமையாளர்களிடம் இருக்கும்வரை வேறு வெளியீட்டாளர் மறுபடி கொண்டுவர வழி உண்டு. யாரும் திரும்பக் கொண்டுவர மாட்டார்கள் என்று தோன்றுகிற சின்னத் தொடர்களை மட்டும் இப்போதே தேடிப் பிடியுங்கள். பழைய தட்டு வாங்கும்போது கீறலையும் பெட்டிக்குள் எத்தனை தட்டு என்பதையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.