ஓடும் நீரில் செடியும் மீனும்: கேள்வி பதில்

கேள்வி: நீரை ஓடவிட்டு அளக்கும் ஆய்வுத் தொட்டியில் நிஜச் செடிக்குப் பதில் பிளாஸ்டிக் செடி நடலாமா?

நடலாம், ஆனால் நிஜச் செடி மாதிரியே வளைய வேண்டும். விறைப்பான தண்டில் நீரின் வேகம் இரண்டு மடங்கானால், நீர் அதைத் தள்ளும் இழுவிசை நான்கு மடங்காகும். வளையும் செடி அப்படி முரண்டு பிடிக்காது. ஓட்டம் கூடக்கூடச் சாய்ந்து, இலைகளை ஒடுக்கிக்கொள்ளும். விசை அந்த அளவுக்கு ஏறாது. இன்னொன்று, உயிருள்ள செடி வெளிச்சத்தில் ஆக்சிஜன் குமிழ்களை விடும். அவை இலையில் ஒட்டினால் மிதப்பு கூடிச் செடி நிமிரும். காலை அளவும் மதிய அளவும் ஒத்துவராவிட்டால் கருவியைத் திட்டுமுன் இலையை உற்றுப் பாருங்கள்.

கேள்வி: மீனை விடுமுன் எதைக் கவனிக்கணும்?

குளோரின். குழாய் நீரை அப்படியே நிரப்பாதீர்கள். அப்புறம் வெப்பநிலை. ஒரே நீரைச் சுற்றவிடும் பம்ப் அதைச் சூடாக்கும். கரைந்த ஆக்சிஜன் குறையும், மீன் நீந்தும் திறனும் மாறும்.

கேள்வி: மேற்பரப்பிலிருந்து 0.6 பங்கு ஆழத்தில் ஒருமுறை அளந்தால் சராசரி வேகம் தெரிந்துவிடும்தானே?

செடியில்லாத தரைக்கு அது போதும். மூழ்கிய செடிக்கூட்டம் இருந்தால் அந்த ஓர் அளவை நம்பாதீர்கள். செடிகளுக்குள் ஓட்டம் மந்தம், மேலே வேகம். இரண்டும் சந்திக்கும் இலைநுனி மட்டத்தில் சுழல்கள் உருண்டோடும். செடிகள் வரிசையாகத் தலையாட்டுவது அதனால்தான். தரையிலிருந்து மேல்வரை பல புள்ளிகளில் அளந்து பாருங்கள்.

கேள்வி: செத்த மீன் எதிர்நீச்சல் போட்டதாமே, கதைதானே?

கதையில்லை. 2003-ல் லியாவோவும் உடன் ஆய்வாளர்களும், ஓட்டத்தின் நடுவே நிறுத்திய உருளைக்குப் பின்னால் இடமும் வலமுமாகக் கழன்று வரும் சுழல்களுக்கு நடுவே ட்ரவுட் மீன் தசையை மிகக் குறைவாகப் பயன்படுத்தி நிலைகொள்வதைக் காட்டினார்கள். பெரும்பாலும் உடலின் முன்பகுதித் தசைகள் மட்டுமே இயங்கின. 2006-ல் பீல் குழுவினர் இறந்த ட்ரவுட்டையே அந்தச் சுழல்களில் விட்டார்கள். வளையும் உடல் சுழல்களின் தாளத்துக்கு ஒத்து அசைந்து, ஓட்டத்துக்கு எதிராக முன்னேறியது.

கேள்வி: உருளையின் முதுகில் அழுத்தம் குறைவு. அது மீனை உள்ளே இழுத்திருக்கும், அவ்வளவுதான்!

இந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் அந்த இழுப்பு உருளைக்கு வெகு அருகில் மட்டும்தான். மீன் அதற்கு நன்றாகப் பின்னால் இருந்தபோதே முன்னேறியது.

கேள்வி: அப்படியானால் ஆற்றல் எங்கிருந்து? சும்மா வருமா?

சும்மா வராது. ஓடும் நீரின் ஆற்றலில் ஒரு பங்கை உருளை சுழலாக மாற்றுகிறது. சுழலிடமிருந்து உடல் வாங்குகிறது. உருளையை எடுத்துவிட்டால் அதே மீனை நீர் அடித்துக்கொண்டு போகும். உயிருள்ள மீனுக்குக் கூடுதல் வசதி, பக்கக்கோட்டால், அதாவது நீரின் அசைவை உணர உடலின் இருபக்கமும் உள்ள உறுப்பால், சுழலை உணர்ந்து உடலைத் திருத்திக்கொள்ளலாம். அதனால்தான் ஆற்றில் அணை போன்ற தடையை மீன் கடக்க மீன்வழி அமைக்கும்போது சராசரி வேகத்தை மட்டும் பார்ப்பது எனக்கு ஒப்பாது. சுழலின் அளவு மீனின் நீளத்துக்குப் பொருந்தினால் உதவும். பொருந்தாவிட்டால் மீனைப் புரட்டிப்போடும்.

கேள்வி: பிளாஸ்டிக் செடி போதுமா?

முதல் பதில்.

கேள்வி: ஆற்றைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரி கட்டினால் வேகத்தையும் பத்தால் வகுக்கலாமா?

கூடாது. ஈர்ப்பால் ஓடும் நீரைச் சுருக்கிக் காட்ட உதவும் ஃப்ரூடு விதிப்படி 10-ன் வர்க்கமூலத்தால், அதாவது சுமார் 3.16-ஆல் வகுக்க வேண்டும். மீனைச் சுருக்க விதியே கிடையாது. மீன் சோதனையை முழு அளவில் செய்யுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் செடியில் எந்த நிறம்...

அடுத்தவர் கேளுங்கள்.

கேள்வி: வீட்டுத் தொட்டி மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது.

அது கால்நடை மருத்துவர் வேலை. நேற்று தண்ணீர் மாற்றினீர்களா? குளோரின் நீக்கினீர்களா?