பேத்திக்கு ‘நப்பின்னை’ என்று பெயர் வைக்கலாமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹாரில் இருக்கிறோம். மருமகள் பஞ்சாபி. போன மாதம் பேத்தி பிறந்தாள், அனுஷ நட்சத்திரம். ‘ந’வில் தொடங்கும் பெயராகத் தேடிய மகன், ‘நப்பின்னை’தான் என்று ஒரே பிடியாக நிற்கிறான். திருப்பாவையில் வருகிற பெயர் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும், அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. சம்பந்தியம்மா, ‘ந என்றால் இல்லை என்றுதானே அர்த்தம்?’ என்கிறார். என் நாத்தனாரோ, ‘பின்னம் என்றால் உடைந்தது, குழந்தைக்கு ஆகாது’ என்று போனிலேயே பயமுறுத்திவிட்டார். வேறு யாராவது இந்தப் பெயர் வைத்திருக்கிறார்களா? இந்த ஊரில் குழந்தை இதை வைத்துக்கொண்டு காலம் தள்ளுமா? சர்டிபிகேட்டில் எப்படி எழுதுவது?

பதில்: முதலில் நாத்தனாரைச் சமாதானப்படுத்திவிடலாம் அம்மா. பெயர் வைக்கிற வீட்டில் இப்படி ஒரு சொல் விழுந்தால் அது லேசில் போகாது.

பின்னமான சிலை என்கிறோமே, அந்தப் பின்னம் வடசொல். ‘பாரத்’ என்று இந்தியில் சொல்லும்போது மூச்சு அழுத்தி ஒரு ‘ப’ வருகிறதே, அந்த ‘ப’ அதில் இருக்கிறது. நம் பின்னையில் இருப்பது ‘பாட்டி’யின் ‘ப’. தமிழில் இரண்டுக்கும் ஒரே எழுத்து என்பதால் வந்த குழப்பம் இது. பின்னை, ‘பின்’ என்பதிலிருந்து வந்த பெயர்: பின்னால் பிறந்தவள், தங்கை. மூதேவிக்கு இளையவள் என்பதால் திருமகளுக்கும் பின்னை என்று பெயர் உண்டு. ஆண்டாளே 20ஆம் பாசுரத்தில் ‘நப்பின்னை நங்காய் திருவே துயிலெழாய்’ என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுப்புகிறாள். பின்னலோடு சேர்த்து, அழகிய கூந்தல் உடையவள் என்று பொருள் சொல்பவர்களும் இருக்கிறார்கள். ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்று 19ஆம் பாசுரத்தில் வருவது அவர்களுக்குக் கைகொடுக்கும். எனக்கென்னவோ தங்கைதான் சரி என்று படுகிறது. கூந்தல் கதை கேட்க நன்றாக இருக்கிறது, அவ்வளவுதான்.

அடுத்து சம்பந்தியம்மாவின் ‘ந’. அவர் கேட்டதில் தப்பில்லை; ‘ந ஜானே’வில் இருக்கிற ‘ந’ இல்லை என்றுதான் சொல்கிறது. நப்பின்னையின் ‘ந’ வேறு, அது ‘நல்’ என்பதன் சுருக்கம். பழைய புலவர்களின் பெயர்களைப் பாருங்கள். கீரர் நக்கீரர் ஆனார், பூதனார் நப்பூதனார் ஆனார், தத்தனார் நத்தத்தனார் ஆனார். பெண்களிலும் உண்டு: பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார், புறநானூற்றில் வருகிற மாறோக்கத்து நப்பசலையார். ஒவ்வொன்றிலும் ‘ந’வுக்கு அடுத்து வருகிற மெய் இரட்டிப்பதைக் கவனியுங்கள். ‘நல்’லின் ‘ல்’ போன இடத்தில் அந்த ஒற்று வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆகவே நப்பின்னையில் புள்ளி வைத்த அந்த ‘ப்’தான் ‘நல்ல’ என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. இதை நினைவில் வையுங்கள், சர்டிபிகேட் விஷயத்துக்கு வரும்போது வேண்டியிருக்கும். சம்பந்தியம்மாவிடம் இவ்வளவு இலக்கணம் வேண்டாம். ‘உங்கள் சுநீதாவிலும் சுலேகாவிலும் இருக்கிற சு மாதிரிதான் எங்கள் ந’ என்று சொல்லுங்கள், பட்டென்று புரிந்துவிடும்.

சரி, யார் இந்த நப்பின்னை? கண்ணன் கைப்பிடித்த ஆயர்குலப் பெண். ஏழு காளைகளை அடக்கிய பிறகுதான் அவளைக் கொடுத்தார்கள். ஜல்லிக்கட்டு என்ற சொல் இப்போது டெல்லிக்காரர்களுக்கும் தெரியும் என்பதால் இந்தக் கதையைச் சொல்வது சுலபம். ‘ராதாவா?’ என்று அவர்கள் கேட்பார்கள். இல்லை. பாகவதத்தில் பத்தாம் ஸ்கந்தத்தில், கோசல அரசன் நக்னஜித்தின் மகள் சத்யாவை ஏழு காளைகளை அடக்கிக் கண்ணன் மணக்கிறான். அந்தக் கதைதான் இதற்கு நெருங்கிய உறவு. ஆனால் அவள் அரசகுமாரி, நம்மவள் மாட்டுக்கொட்டகை தெரிந்தவள். வைணவ மரபில் நப்பின்னையை, திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவியின் அம்சம் என்பார்கள்.

இது ஐயங்கார் வீட்டுப் பெயராயிற்றே என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது கேட்பார்கள். சிலப்பதிகாரத்தில் ஆய்ச்சியர் குரவையைப் பாருங்கள். மதுரை ஆயர்பாடியில் ஒரு விடியற்காலை, குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை, காளையின் கண்ணில் நீர் வழிகிறது. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று, கண்ணகிக்கு அடைக்கலம் கொடுத்த இடைச்சி மாதரி பயப்படுகிறாள். கண்ணகி பார்க்கட்டும் என்று, மாயவனும் தமையனும் பின்னையோடு ஆடிய குரவையை ஆடுவோம் என்கிறாள். ஏழு பெண்களை நிறுத்தி, குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரங்களின் பெயர் வைக்கிறாள். குரல் மாயவன், இளி பலராமன், துத்தம் பின்னை. இளங்கோ அவளைப் ‘பிஞ்ஞை’ என்றும் எழுதுகிறார். கோயிலுக்குள் போவதற்கு முன்பே அவள் மாட்டுத்தொழுவத்தில் இருந்தவள், யாரும் வைக்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது பெரியாழ்வார் காட்டுகிற நப்பின்னைதான். புழுதியில் விளையாடிவிட்டுக் குளிக்க வரமாட்டேன் என்று ஓடுகிற கண்ணனிடம் யசோதை சொல்கிறாள்: ‘நப்பின்னை காணில் சிரிக்கும்’. அந்தப் பெண் பார்த்தால் சிரிப்பாள்டா, வா! திருப்பாவை 18இல் ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று ஆண்டாள் கூப்பிடுவதும் இதே உரிமையில்தான். ராமானுஜர் அந்தப் பாட்டைப் பாடிக்கொண்டு பிட்சைக்குப் போனபோது, ‘சீரார் வளையொலிப்ப வந்து திறவாய்’ என்ற இடத்தில் ஆசாரியரின் மகள் வளை குலுங்கக் கதவைத் திறக்க, நப்பின்னையே வந்தாள் என்று மயங்கி விழுந்தார் என்பார்கள். உங்கள் பேத்தி வளர்ந்ததும் இந்தக் கதையைத்தான் அதிகம் கேட்பாள்.

வேறு யார் வைத்திருக்கிறார்கள்? அமெரிக்காவில் ஓர் ஆண்டில் குறைந்தது 5 குழந்தைகளுக்கு வைத்த பெயர்களை அரசே பட்டியலாகப் போடுகிறது. நம் ஊரில் அப்படி ஒன்று கிடையாது, அதனால் எண்ணிக்கை சொல்ல வழியில்லை. டெல்லியில் முப்பது வருடம் தமிழ் வாத்தியாராக இருந்த என் வருகைப் பதிவேட்டில் யாழினி, நிலா, இனியா எல்லாம் வருடத்துக்கு வருடம் கூடினார்கள். நப்பின்னை ஒரே ஒருத்திதான் வந்தாள். கோதை என்று வைப்பார்கள், ஆண்டாள் என்றும் வைப்பார்கள். மார்கழியில் மூன்று நாள் வரிசையாகக் கூப்பிடும் பெயரை மட்டும் பெண்ணுக்கு வைக்க ஏனோ கை வருவதில்லை. பொதுவாழ்வில் ஒருவரைக் காட்ட வேண்டும் என்றால், உச்ச நீதிமன்றத்தில் வழக்காடும் சைபர் சட்ட நிபுணர் என். எஸ். நப்பின்னை இருக்கிறார். ஆக, அபூர்வமான பெயர்தான், ஆனால் அநாதைப் பெயர் இல்லை.

டெல்லி காதுக்கு இது எப்படி விழும்? ‘ழ’ இல்லை, ‘ள’ இல்லை, ‘ற’ இல்லை. பழந்தமிழ்ப் பெயர்களில் இந்த ஊர் நாக்குக்கு இவ்வளவு இடைஞ்சல் இல்லாதது குறைவு. யாழினிகள் படுகிற பாடு எனக்குத் தெரியும். என் தம்பி மகளுக்கு ஓர் அட்டை எடுக்கப் போன இடத்தில், கம்ப்யூட்டர் தானாகவே இந்தியில் மாற்றி ‘யாஜினி’ என்று திரையில் காட்டியது. கவனிக்காமல் சரி என்றுவிட்டு, திருத்துவதற்கு மூன்று முறை அலைந்தோம்.

ஆனால் செல்லப்பெயரை நீங்கள் தடுக்க முடியாது. சம்பந்தி வீட்டில் முதல் நாளே ‘பின்னி’ என்றுதான் கூப்பிடப்போகிறார்கள். குளிர்காலத்தில் கோதுமை மாவை நெய்யில் வறுத்து, வெல்லமும் பாதாம் முந்திரியும் போட்டுப் பிடிக்கிற உருண்டைக்கு அங்கே பின்னி என்று பெயர். நாம் திருப்பாவை பாடுகிற அதே மார்கழிக் குளிரில் அவர்கள் அதைப் பிடிக்கிறார்கள். மாடியில் தெலுங்குக்காரர்கள் இருந்தால் சிரிப்பார்கள், அவர்களுக்குப் பின்னி என்றால் சித்தி. மலையாளிகளுக்கு ‘பின்னே’ என்றால் ‘அப்புறம்?’. இதில் கேலியாக முடிகிற பொருள் ஒன்றுகூட இல்லை என்பதால் நான் கவலைப்பட மாட்டேன்.

இனி சர்டிபிகேட். பிறப்பு 21 நாளுக்குள் பதிவாக வேண்டும். பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரைப் பிறகு சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை, எனவே அவசரப்பட வேண்டாம். ஆனால் சேர்க்கும்போது கவனமாக இருங்கள். 2023 அக்டோபர் 1க்குப் பிறகு பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கு இந்தச் சான்றிதழ்தான் ஆதாரம். இதில் விழுந்த எழுத்துதான் பின்னால் எல்லா இடத்துக்கும் போகும்.

இந்தியில் எழுதும்போது ‘பாட்டி’யின் ப, அதுவும் இரட்டையாக. ‘பாரத்’தின் ப விழுந்துவிட்டால் உங்கள் நாத்தனார் சொன்னது பலித்துவிடும். கடைசி ‘ஐ’க்கு இந்தியின் ‘ஹை’யில் வரும் குறியையே போடுங்கள். டெல்லியில் அதை ‘நப்பின்னே’ என்று படிப்பார்கள். நம் வீட்டில் பாட்டி கூப்பிட்டாலும் ஏறக்குறைய அப்படித்தான் கேட்கும், போகட்டும். கடைசிப் பெயர் கேட்கிற கட்டத்தில் மகன் பெயரையோ மருமகள் வீட்டுப் பெயரையோ இப்போதே முடிவு செய்து, எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள்.

ஆங்கிலத்தில் என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ. எழுத்து மிச்சம் பிடிக்கிறேன் என்று யாராவது ஒரு ‘பி’யை எடுக்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள். ஒற்றைப் ‘பி’ போட்டால் இங்கே ‘நபினை’ என்று படிப்பார்கள், நல்ல என்ற பொருளும் அதோடு போய்விடும். ‘என்’னில் ஒன்றைக் குறைப்பவர்கள் உண்டு, அதில் பெரிய சேதம் இல்லை, ஆனாலும் நான் இரண்டையும் வைப்பேன். கவுன்டரில் திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லி, விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். ஒன்பது எழுத்து இருக்க வேண்டும். அதுவரை மகனைக் கையெழுத்துப் போட விடாதீர்கள்.